ஸ்னாப்ஷாட் எடுப்பது எளிது, திரும்புவது எப்படி? எல்விஎம், பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் ஓர் ஒப்பீடு

பேக்கேஜ் மேம்படுத்தல் பாதியில் நின்றுபோன ஒரு சர்வரின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். வேலையைத் தொடங்கும் முன்பே எல்விஎம் (லினக்ஸில் டிஸ்க் இடத்தைப் பிரித்து நிர்வகிக்கும் அமைப்பு) வழியாக ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது டிஸ்க்கின் அந்தக் கணத்து நிலையின் பதிவு, எடுத்து வைத்திருந்தேன். அந்தத் தைரியத்தில்தான் கையே வைத்தேன். பழைய நிலைக்குத் திரும்பலாம் என்று பார்த்தால், அந்த ஸ்னாப்ஷாட் இனிச் செல்லாது என்று சிஸ்டம் சொன்னது. நான் ஒதுக்கியிருந்த 2 ஜிபி இடம் மேம்படுத்தல் நடக்கும்போதே நிரம்பிவிட்டது. நிரம்பிய கணமே ஸ்னாப்ஷாட் செத்துப்போயிற்று. அன்றிரவு முழுக்க பேக்கப்பிலிருந்து கோப்புகளை இறக்கிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு ஸ்னாப்ஷாட் வசதிகளை நான் எடைபோடும் விதமே மாறிவிட்டது. எடுப்பது எதிலும் ஓரிரு நொடி வேலைதான். அதை ஒப்பிட்டுப் பயனில்லை. திரும்பும்போது என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். எவ்வளவு பின்னால் போகிறது? அப்படிப் போகையில் எதையெல்லாம் அழித்துக்கொண்டு போகிறது? திரும்பியதே தவறு என்று தெரிந்தால் மறுபடி முன்னால் வர வழி இருக்கிறதா? லினக்ஸ் பயன்படுத்துவோர் கையில் உள்ள நான்கு வழிகளை (பழைய எல்விஎம், அதன் தின் பூல், பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ்) இந்தக் கேள்விகளோடு பார்ப்போம்.

பழைய எல்விஎம் ஸ்னாப்ஷாட்

இது கோப்பு முறைமைக்கு (டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் ஏற்பாடு) அடியில், பிளாக் எனும் டிஸ்க் துண்டுகளின் மட்டத்தில் வேலை செய்கிறது. மேலே இருப்பது இஎக்ஸ்டி4 ஆக இருந்தாலும் எக்ஸ்எஃப்எஸ் ஆக இருந்தாலும் இதற்குக் கவலையில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில், எதையும் மாற்றியமைக்காமல், வால்யூம் குரூப்பில் (வால்யூம் எனும் டிஸ்க் பகுதிகளை எல்விஎம் வெட்டித் தரும் இடத் தொகுப்பு) கொஞ்சம் காலியிடம் இருந்தாலே போதும் என்பது இதன் பெரிய பலம்.

மூல வால்யூமில் ஒரு துண்டு முதன்முறையாக மாற்றப்படும்போது, அதன் பழைய உள்ளடக்கம் முதலில் ஸ்னாப்ஷாட்டுக்கு ஒதுக்கிய இடத்துக்கு நகலாகிறது. அதன் பிறகுதான் புதியது எழுதப்படுகிறது. ஆக டிஸ்க்கில் ஒருமுறை எழுதுவது, ஒரு வாசிப்பும் இரண்டு எழுதுதலுமாகப் பெருகுகிறது. ஒரே வால்யூமுக்கு மூன்று ஸ்னாப்ஷாட் இருந்தால் மூன்றுக்கும் தனித்தனியாக நகல் போகிறது. டேட்டாபேஸ் ஓடும் டிஸ்க்கில் இதை நாள்கணக்கில் விட்டு வைத்தால் வேகம் குறைவது கண்ணுக்கே தெரியும். ஒருசில மணி நேரத்துக்கு மட்டுமே இதை வைத்திருப்பது நல்லது.

என்னைக் கவிழ்த்த அந்த இடப் பிரச்சினைக்கு வருகிறேன். ஒதுக்கிய இடம் நிரம்பும் முன் தானாக விரியும் வசதி எல்விஎம்மிலேயே இருக்கிறது. ஆனால் அதன் வரம்பு இயல்பாக 100 என்று இருக்கும். அப்படியென்றால் வசதி அணைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். எல்விஎம் அமைப்புக் கோப்பில் அதை 70 என்று மாற்றினால், 70 சதவீதம் நிரம்பியதும் ஸ்னாப்ஷாட் 20 சதவீதம் வளரும். குரூப்பில் காலியிடம் இருந்தால்தான் வளரும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மூல வால்யூம் அளவுக்கே இடம் ஒதுக்க முடிந்தால் எனக்கு அதுதான் நிம்மதி.

திரும்புவதற்கு எல்விகன்வர்ட் கட்டளையில் மெர்ஜ் தெரிவு. இது 2010-இல் வந்த 2.6.33 கர்னலிலிருந்து (லினக்ஸின் மையப் பகுதி) இருக்கிறது. மூல வால்யூம் பயன்பாட்டில் இருந்தால் இணைப்பு உடனே தொடங்காது; அடுத்தமுறை வால்யூம் செயலுக்கு வரும்போதுதான் தொடங்கும். சிஸ்டமே இருக்கும் ரூட் வால்யூம் என்றால் ரீபூட் செய்தே ஆக வேண்டும். ரீபூட் ஆனதும் பின்னணியில் நகலெடுப்பு நடந்துகொண்டிருந்தாலும், படிப்பவருக்குப் பழைய நிலைதான் தெரியும்; காத்திருக்க வேண்டியதில்லை. இது அழகான ஏற்பாடு. ஆனால் இணைப்பு முடிந்ததும் ஸ்னாப்ஷாட் மறைந்துவிடும், இடையில் செய்த மாற்றங்களும் போய்விடும். முன்னால் வர வழியில்லை.

இன்னொரு பொறி, சிஸ்டத்தை எழுப்பும் கர்னல் கோப்புகள் இருக்கும் பூட் பகுதி. பல நிறுவல்களில் அது எல்விஎம்முக்கு வெளியே தனிப் பார்ட்டிஷனாக இருக்கும். ரூட் பின்னால் போய்விட்டது, பூட்டில் புதிய கர்னல் அப்படியே நிற்கிறது, அதற்கான மாட்யூல்கள் (கர்னலின் துணைப் பகுதிகள்) ரூட்டில் இல்லை. சர்வர் எழுந்தாலும் நெட்வொர்க் எழாது. ஆகவே ஸ்னாப்ஷாட்டுக்கு முன்பு பூட் பகுதியையும் ஒரு நகல் எடுத்து ரூட்டுக்குள்ளேயே வைத்துவிடுங்கள். ரூட் திரும்பும்போது அந்த நகலும் கூடவே வரும்.

ஒரே ஒரு கோப்பு மட்டும் வேண்டுமென்றால் ஸ்னாப்ஷாட்டை வேறோர் இடத்தில் மவுண்ட் செய்து (கோப்புறையாகத் திறந்து) எடுத்துக்கொள்ளலாம். எக்ஸ்எஃப்எஸ்ஸில் மட்டும் இரண்டுக்கும் அடையாள எண் ஒன்றாக இருப்பதால் மவுண்ட் மறுக்கப்படும். அடையாளச் சோதனையைத் தவிர்க்கும் மவுண்ட் தெரிவு அதற்கென்றே இருக்கிறது.

தின் பூல்

3.2 கர்னலோடு வந்த தின் வால்யூம்களில் ஸ்னாப்ஷாட்டுக்கு அளவு சொல்ல வேண்டியதில்லை. மூலமும் ஸ்னாப்ஷாட்டும் ஒரே பூலில் (பொதுவான இடத் தொகுப்பு) பிளாக்குகளைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஸ்னாப்ஷாட்டுக்கு ஸ்னாப்ஷாட் எடுக்கலாம், பத்து எடுத்தாலும் எழுதும் வேலை பத்து மடங்காகாது. திரும்பும் முன் இப்போதைய நிலையையும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொண்டால் முன்னால் வரும் வழியும் திறந்திருக்கும். பழைய முறையைவிட எல்லா வகையிலும் மேல் என்றுதான் தோன்றும்.

ஆனால் பூல் நிரம்பினால் பாதிப்பு ஸ்னாப்ஷாட்டோடு நிற்பதில்லை. இயல்பான அமைப்பில் எழுதும் கோரிக்கைகள் 60 நொடி காத்திருந்து, பிறகு பிழையாகத் திரும்பும். அந்தப் பூலில் உள்ள எல்லா வால்யூமுக்கும் அடி விழும். பழைய முறையில் இடம் தீர்ந்தால் ஸ்னாப்ஷாட் சாகும், மூலம் பிழைக்கும்; இங்கே மூலமே சிக்கலுக்குள்ளாகிறது. டேட்டா இடத்தோடு மெட்டாடேட்டா (எந்த பிளாக் யாருடையது என்ற கணக்கு) இடத்தையும் தனியாகக் கண்காணிக்க வேண்டும். கண்காணிப்பு இல்லாத சர்வரில் தின் பூல் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

சிறிய விஷயம் ஒன்று: தின் ஸ்னாப்ஷாட் இயல்பாகச் செயலுக்கு வராது. அதற்கென்று உள்ள தவிர்ப்புக் கொடியை மீறும்படி கட்டளையில் சொன்னால்தான் மவுண்ட் செய்ய முடியும். முதல்முறை பார்ப்பவர் ஸ்னாப்ஷாட் கெட்டுவிட்டதோ என்று பதறிப்போவார்.

பிடிஆர்எஃப்எஸ்

இங்கே கதையே வேறு. 2009-இல் 2.6.29 கர்னலுக்குள் வந்த இந்தக் கோப்பு முறைமை, எதையும் இருந்த இடத்திலேயே மேலெழுதுவதில்லை. புதியது புதிய இடத்துக்குப் போகிறது. பழையதை யாராவது பிடித்துக்கொண்டிருந்தால் அது அப்படியே இருக்கிறது. பிடித்துக்கொண்டிருப்பதற்குப் பெயர்தான் ஸ்னாப்ஷாட். நகலெடுப்பும் இல்லை, தனியே ஒதுக்க வேண்டிய இடமும் இல்லை.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, ஸ்னாப்ஷாட் ஒரு சாதாரண சப்வால்யூம் என்பது. கண்ணுக்குத் தெரியும் ஒரு கோப்புறை. அழித்துவிட்ட அமைப்புக் கோப்பு வேண்டுமா, உள்ளே போய் நகலெடுத்துக்கொள்ளுங்கள். முழு ரூட்டும் வேண்டுமா, கெட்டுப்போன சப்வால்யூமுக்கு வேறு பெயர் சூட்டி ஓரமாக வையுங்கள். ஸ்னாப்ஷாட்டிலிருந்து எழுதக்கூடிய புதியதொன்றைப் பழைய பெயரில் உருவாக்கி ரீபூட் செய்யுங்கள். எதுவும் அழியவில்லை. கெட்டுப்போன நிலையும் கையில் இருப்பதால், என்ன நடந்தது என்று ஆற அமரப் பார்க்கலாம். என் மூன்று கேள்விகளுக்கும் இவ்வளவு திருப்தியான பதிலை வேறெதுவும் தரவில்லை.

சூசே உருவாக்கிய ஸ்னாப்பர் கருவி இதை இன்னும் சுலபமாக்குகிறது. ஓப்பன்சூசே லினக்ஸில் ஸிப்பர் எனும் பேக்கேஜ் கருவி எதையாவது நிறுவினால் முன்னும் பின்னும் ஒவ்வொரு ஸ்னாப்ஷாட் தானாக விழும். இரண்டுக்கும் இடையே மாறிய கோப்புகளை மட்டும் பழையபடி ஆக்கவும் கட்டளை உண்டு. பூட் கோப்புறையும் ரூட் சப்வால்யூமுக்குள்ளேயே இருப்பதால், கர்னல் ஒரு பக்கம் மாட்யூல் ஒரு பக்கம் என்ற சிக்கல் அங்கே எழாது. பூட் மெனுவிலிருந்தே பழைய ஸ்னாப்ஷாட்டுக்குள் நுழைந்து, எல்லாம் சரியா என்று பார்த்துவிட்டு ரோல்பேக்கை (பின்னால் திரும்புவதை) உறுதிசெய்யலாம். திரும்பும் முன் சோதித்துப் பார்க்க முடிவது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது நடுராத்திரியில் சர்வரோடு மல்லுக்கட்டியவர்களுக்குத் தெரியும்.

அதே ஸ்னாப்பரை வேறு டிஸ்ட்ரோவில் (லினக்ஸ் வகையில்) நிறுவுவோர் விழும் குழி ஒன்று உண்டு. அதன் ரோல்பேக் கட்டளை, இயல்பான சப்வால்யூம் எது என்பதைத்தான் மாற்றுகிறது. எதை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பிலோ, பூட் ஆகும்போது கர்னலுக்குத் தரும் கட்டளை வரியிலோ சப்வால்யூமின் பெயர் வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தால், சிஸ்டம் அந்தப் பெயரைத்தான் மவுண்ட் செய்யும். ரோல்பேக் வெற்றி என்று திரையில் வரும், ரீபூட் செய்தால் பழைய கோளாறு அப்படியே நிற்கும். அந்த அமைப்பில் மேலே சொன்ன பெயர் மாற்றும் வழிதான் கைகொடுக்கும்.

இன்னொன்று: ஸ்னாப்ஷாட் உள்ளே இருக்கும் சப்வால்யூம்களுக்குள் இறங்காது. அவை வெற்றுக் கோப்புறைகளாகவே தெரியும். இதை வசதியாகவும் பயன்படுத்தலாம். வார், ஹோம் கோப்புறைகள் இரண்டையும் தனி சப்வால்யூம்களாக்கிவிட்டால், ரூட் பின்னால் போகும்போது லாக்கும் டேட்டாபேஸும் பயனர் கோப்புகளும் இருந்தபடியே இருக்கும். எல்விஎம்மில் இதற்குத் தனித்தனி வால்யூம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் அளவு கணக்கிட வேண்டும்.

குறைகளும் உண்டு. டேட்டாபேஸ், விர்ச்சுவல் மெஷின் படிமம் போன்றவை இடையிடையே மேலெழுதப்படும் பெரிய கோப்புகள்; இவை இங்கே சிதறிச் சிதறி வேகம் இழக்கும். 50 ஜிபி கோப்பை அழித்தாலும் ஏதாவதொரு ஸ்னாப்ஷாட் பிடித்திருந்தால் இடம் திரும்பாது. ரெட் ஹேட் 8-ஆம் பதிப்பிலிருந்து இதை நீக்கிவிட்டதால், அந்த நிறுவனத்தின் லினக்ஸ் ஓடும் சர்வர்களில் பேச்சுக்கே இடமில்லை. ஃபெடோரா டெஸ்க்டாப்போ 2020-இல் வந்த 33-ஆம் பதிப்பிலிருந்து இதையே இயல்பாக வைத்திருக்கிறது.

இசட்எஃப்எஸ்

இந்தக் கோப்பு முறைமை சன் நிறுவனத்தில் பிறந்து 2005-இல் அதன் ஓப்பன்சோலாரிஸ் இயங்குதளம் வழியே வெளிவந்தது. எழுதும் முறை மேலே சொன்னதுபோலத்தான், பழையதை மேலெழுதாது. ஒவ்வொரு டேட்டாசெட்டுக்குள்ளும் (இசட்எஃப்எஸ் பூலில் பிரித்துவைக்கும் தனிப் பகுதி) மறைந்திருக்கும் கோப்புறை வழியாகப் பழைய நிலைகள் அனைத்தையும் படிக்கலாம். இரண்டு நிலைகளுக்கு இடையே எந்தக் கோப்பு மாறியது என்று கேட்டால் பட்டியலும் தரும்.

ஆனால் இதன் ரோல்பேக் கண்டிப்பானது. நேரடியாகக் கடைசி ஸ்னாப்ஷாட்டுக்கு மட்டுமே திரும்ப விடும். அதற்கும் முந்தையது வேண்டுமென்றால், இடையில் உள்ள ஸ்னாப்ஷாட்கள் எல்லாவற்றையும் அழிக்கச் சம்மதித்தாக வேண்டும். அவசரத்தில் அந்தத் தெரிவைச் சேர்த்து அடித்துவிட்டால் நேற்றைய நல்ல நிலையும் சேர்ந்து போய்விடும். அதனால் நான் ரோல்பேக்கைத் தொடுவதே அரிது. பழைய ஸ்னாப்ஷாட்டிலிருந்து குளோன் (எழுதக்கூடிய நகல்) எடுத்து, சரிபார்த்து, அதையே முதன்மையாக உயர்த்திவிடுவேன். ஒரு கட்டளை கூடுதல், இழப்பு எதுவுமில்லை. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் பூட் சூழல்கள் இந்தக் குளோன் முறையில்தான் நிற்கின்றன. மேம்படுத்தும் முன் பிஇசிடிஎல் (bectl) கட்டளையால் ஒன்று உருவாக்கிவிட்டால், பூட் மெனுவில் பழையதைத் தேர்ந்தெடுத்துப் போகலாம்.

மற்ற இரண்டும் தராத ஒன்றும் இதில் இருக்கிறது. ஒரு டேட்டாசெட்டையும் அதன் கீழுள்ள அனைத்தையும் ஒரே கணத்தில் ஸ்னாப்ஷாட் எடுக்கலாம். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸின் டேட்டா ஓரிடத்திலும், மாற்றங்களை அது முன்கூட்டியே எழுதிவைக்கும் லாக் வேறிடத்திலும் இருந்தால் இது முக்கியம். இரண்டும் ஒரே கணத்தைச் சேர்ந்தவையாக இருந்தால், மின்சாரம் போய் வந்ததுபோல் எண்ணி டேட்டாபேஸ் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். தனித்தனி எல்விஎம் வால்யூம்களிலோ தனித்தனி சப்வால்யூம்களிலோ இருந்தால் இடையில் ஓரிரு நொடி நழுவும். அந்த நழுவல் போதும் டேட்டாபேஸைக் கெடுக்க.

லினக்ஸில் இதன் தொல்லை உரிமம் சார்ந்தது. கர்னலுக்குள் சேராமல் வெளி மாட்யூலாகவே வருகிறது. புதிய கர்னலுக்கு மாட்யூல் அமையாவிட்டால் பூலையே திறக்க முடியாது. மேம்படுத்தலில் தவறு நேர்ந்தால் திரும்புவதற்காக வைத்த கருவி, அதே மேம்படுத்தலால் முடங்குவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. அதனால் லினக்ஸில் டேட்டாவுக்கு இதையும் ரூட்டுக்கு வேறொன்றையும் வைக்கிறேன்.

எதற்கு எது

அடிக்கடி மேம்படுத்தும் லினக்ஸ் ரூட்டுக்கு, தேர்வு நம் கையில் இருந்தால், பிடிஆர்எஃப்எஸ். பெரிய டேட்டா தொகுப்புக்கு இசட்எஃப்எஸ். இஎக்ஸ்டி4 அல்லது எக்ஸ்எஃப்எஸ் ஓடும், மாற்றியமைக்க முடியாத சர்வருக்குப் பழைய எல்விஎம். நிறைய காலியிடத்தோடு, சில மணி நேரத்துக்கு மட்டும். தின் பூல், கண்காணிக்க ஆள் உள்ள இடத்துக்கு. நான்குமே மூலத்தோடு ஒரே டிஸ்க்கில் வாழ்பவை. டிஸ்க் போனால் ஸ்னாப்ஷாட்டும் போகும். பேக்கப் தனியே வேண்டும்.

தொடக்கத்தில் சொன்ன அந்தச் சர்வர் இப்போதும் எல்விஎம்மில்தான் ஓடுகிறது. ரூட் 20 ஜிபி, ஸ்னாப்ஷாட்டுக்கு வைத்திருக்கும் காலியிடமும் 20 ஜிபிக்குச் சற்று மேல். ஒவ்வொரு மேம்படுத்தலுக்கும் முன்பு, ஸ்னாப்ஷாட் எடுத்ததும் ரூட்டில் ஒரு வெற்றுக் கோப்பு உருவாக்கி, மெர்ஜ் செய்து, ரீபூட் ஆனதும் அந்தக் கோப்பு மறைந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். மறைந்திருந்தால் புதிதாக இன்னொரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு வேலையைத் தொடங்குகிறேன்.