பழைய 3டி ஷோக்கள்: இன்னும் வரிசையில் நிற்கலாமா?

ஒர்லாண்டோ பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஒரு வேலை கேட்காமலே வந்து சேரும். ஊரிலிருந்து யார் வந்தாலும் டிஸ்னி வேர்ல்டுக்கும் யுனிவர்சலுக்கும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். மாமா, அத்தை, தம்பி குடும்பம், நண்பனின் மாமனார் என்று ஆள் மாறுவார்களே தவிர வழி மாறாது. மதியம் ஃப்ளோரிடா வெயில் மண்டையைப் பிளக்கும்போது பெரியவர்கள் “எங்கயாவது உட்காரணும்ப்பா” என்பார்கள். அப்போது நான் நேராக நடத்திச் செல்வது படம் காட்டும் அரங்குகளுக்குத்தான். ஏசி இருக்கும், உட்கார இடம் இருக்கும், பத்து இருபது நிமிஷம் யாரும் நடக்கச் சொல்ல மாட்டார்கள். இப்படியே வருஷக்கணக்கில் போய் சில படங்கள் எனக்கு வசனத்தோடு மனப்பாடம்.

“அதெல்லாம் பழசாச்சே, போய்ப் பார்க்கணுமா?” என்று கேட்பவர்களுக்கு நான் ஒரே பதில் சொல்வதில்லை. சிலவற்றைக் கட்டாயம் பாருங்கள் என்பேன், சிலவற்றை மூடியதே நல்லது என்பேன். திரும்பத் திரும்பப் பார்த்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: திரைக்குள் மட்டுமே வித்தை காட்டியவை சீக்கிரம் கிழடு தட்டிப் போயின. உட்கார்ந்திருக்கும் அரங்கத்தையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டவை தாக்குப்பிடித்தன.

இதற்கு மப்பெட் விஷன் என்ற 3டி ஷோவைவிட நல்ல உதாரணம் கிடையாது. டிஸ்னி வேர்ல்டுக்குள் இன்று ஹாலிவுட் ஸ்டுடியோஸ் எனப்படும் பூங்காவில் 1991 மே 16 அன்று அதைத் திறந்தார்கள். மப்பெட் பொம்மைகளின் தந்தை ஜிம் ஹென்சன் இறந்து அன்றோடு சரியாக ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவர் இயக்கிய கடைசி வேலைகளில் இதுவும் ஒன்று. 34 வருஷம் ஓடி, 2025 ஜூனில் மூடப்பட்டது. அந்த இடத்தில் ‘மான்ஸ்டர்ஸ் இங்க்’ படத்தை வைத்து ஒரு புதுப் பகுதி வரப்போகிறது.

படத்தை மட்டும் எடுத்துப் பார்த்தால் அது பழசுதான். வால்டோ என்று ஒரு கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் பாத்திரம் வரும். 1991-இல் ஆச்சரியமாக இருந்திருக்கும். இன்றைக்கு ஃபோனில் பிள்ளைகள் ஆடும் கேம்கூட அதைவிட நன்றாக இருக்கிறது. ஆனால் படமே அதைப் பற்றி நமக்கு முன்னால் கேலி செய்துவிடும். கெர்மிட் தவளை வந்து, மலிவான 3டி தந்திரம் எதுவும் இங்கே செய்ய மாட்டோம் என்று சொல்லி வாய் மூடுவதற்குள் ஃபோஸி கரடி அதைத்தான் செய்துகொண்டு வந்து நிற்கும். தன்னையே கிண்டல் செய்துகொண்ட படத்தைப் பார்த்து ‘பழைய டெக்னாலஜி’ என்று யார் குறை சொல்வது?

அதைவிடப் பெரிய விஷயம் அரங்கம். டிவி நிகழ்ச்சியில் வரும் மப்பெட் தியேட்டரை அப்படியே கட்டியிருந்தார்கள். வலது பக்க மாடத்தில் ஸ்டாட்லர், வால்டார்ஃப் என்ற இரண்டு கிழவர்கள், இயந்திர பொம்மைகள், உட்கார்ந்துகொண்டு படத்தைத் திட்டுவார்கள். மேடைக்குக் கீழே பெங்குவின்கள் வாத்தியம் வாசிக்கும். பின்னால் புரொஜெக்டர் அறையில் ஸ்வீடிஷ் சமையல்காரர். நடுவில் ஸ்வீட்டம்ஸ் என்ற மலை போன்ற ரோம உருவம், உள்ளே நிஜ ஆள், கதவைத் திறந்துகொண்டு நம் வரிசைகளுக்கு நடுவே நடந்துவரும். கடைசியில் பின்னாலிருந்து பீரங்கி வெடிக்க, சுவரெல்லாம் பெயர்ந்து ஓட்டை விழுந்தது போலாகிவிடும். தலையை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாது. எத்தனையாவது தடவை பார்த்தாலும் புதிதாக ஒரு மூலை மிச்சமிருக்கும்.

என் அம்மாவுக்கு மப்பெட் என்றால் என்னவென்றே தெரியாது. ஆங்கிலமும் பாதிதான் புரியும். ஆனால் மாடத்துக் கிழவர்களைப் பார்த்த ஐந்தாவது நிமிஷமே, “இவனுக ரெண்டு பேரும் கல்யாண வீட்டுல முதல் பந்தியில சாப்பிட்டுட்டு வந்து சமையலைக் குறை சொல்ற ஆளுகடா” என்றார். அப்புறம் ஷோ முடியும்வரை திரையைப் பார்த்ததைவிட அந்த மாடத்தைப் பார்த்ததுதான் அதிகம். சின்ன வயதில் பார்த்த பழக்கம் எதுவும் இல்லாத ஒருவர் இப்படி ரசித்ததால்தான், இதை வெறும் மலரும் நினைவு என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் ‘கேப்டன் ஈஓ’. மைக்கேல் ஜாக்சன் நடித்து, பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா இயக்கி, ஜார்ஜ் லூகாஸ் பின்னணியில் நின்ற 17 நிமிஷ 3டி படம். 1986-இல் டிஸ்னி வேர்ல்டின் எப்காட் பூங்காவிலும் கலிபோர்னியா டிஸ்னிலேண்டிலும் வெளியானது. 90-களில் எடுத்துவிட்டார்கள். 2009-இல் ஜாக்சன் இறந்த பிறகு, ரசிகர்களுக்காக 2010-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். எப்காட்டில் 2015 கடைசிவரை ஓடியது.

நான் பார்த்தது அந்த இரண்டாம் வருகையைத்தான். பாட்டு வரும்போது கூட்டத்தில் நாற்பது வயதுக்காரர்கள் கைதட்டி ஆடினார்கள், அது பார்க்க நன்றாக இருந்தது. ஆனால் பாட்டு இல்லாத நேரமெல்லாம் சின்னச் சின்ன பொம்மைப் பிராணிகள் விண்கலத்துக்குள் விழுந்து எழும் காட்சிகள். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. முதல் காலத்தில் அரங்கத்துக்குள்ளேயே லேசர் ஒளியும் புகையும் படத்தோடு சேர்ந்து வரும். இரண்டாம் வருகையில் அந்த லேசரெல்லாம் இல்லை. இடையில் அதே அரங்கில் ஓடிய இன்னொரு ஷோவுக்காகத் தரையையே அசையும்படி செய்திருந்தார்கள். அந்தத் தரையைத் தாளத்துக்குக் குலுக்கினார்கள், அவ்வளவுதான். மிச்சமெல்லாம் ஒரு நீளமான மியூசிக் வீடியோ. ஜாக்சன் ரசிகராக இருந்தால் கண் கலங்கும். இல்லாவிட்டால் ‘எப்போது முடியும்’ என்றுதான் இருக்கும். மூடியதில் எனக்கு வருத்தமில்லை.

3டி என்பதற்கே மதிப்புப் போனதும் ஒரு காரணம். அந்தக் காலத்தில் இதற்கென்றே இரண்டு 70 எம்எம் புரொஜெக்டர்களை ஒன்றோடொன்று இணைத்து, ஒரு கண்ணுக்கு ஒரு படம் என்று ஓட்டினார்கள். வேறெங்கும் இப்படிப் பார்க்க முடியாது என்பதே பெரிய விஷயம். 2009-இல் ‘அவதார்’ வந்த பிறகு நம்மூர் மல்டிபிளக்ஸிலேயே கண்ணாடி கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். நம்மவர்களுக்கு அதற்கு முன்பே 1984-இல் ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ 3டியில் வந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். அந்தப் படத்தைத் தயாரித்த நவோதயா அப்பச்சன்தான் 1995-இல் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா பூங்காவை ஆரம்பித்தார். திரையை நோக்கிக் கையை நீட்டிய அந்தத் தலைமுறை மாமாக்களை இங்கே கூட்டிவந்தால், பொருள் முகத்துக்கு நேரே பறந்து வருவதற்கெல்லாம் அசைய மாட்டார்கள்.

இன்னொரு தொல்லை பராமரிப்பு. பெயர் வேண்டாம், வேறொரு ஊரில் ஒரு பூங்காவில் 3டி படம் பார்த்தேன். கண்ணாடி முழுக்கக் கீறல், படம் அந்திப் பொழுது மாதிரி மங்கல். 3டி கண்ணாடி எப்படியும் பாதிக்கு மேல் வெளிச்சத்தை விழுங்கிவிடும். அதோடு விளக்கும் பலவீனமாக இருந்தால் எந்தப் படமும் பழசாகத்தான் தெரியும். பல நேரம் ‘படம் பழசு’ என்று நாம் சொல்வது உண்மையில் விளக்கைப் பற்றித்தான்.

அனிமல் கிங்டம் பூங்காவின் ‘இட்ஸ் டஃப் டு பி எ பக்’ (1998 முதல் 2025 வரை) பற்றி நீட்ட வேண்டாம். முதுகில் குத்துவது, காலடியில் ஊர்வது எல்லாம் கடைசிவரை வேலை செய்தன, சிறு பிள்ளைகள் கடைசிவரை வீறிட்டு அழுதார்கள். மூன்று வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இருட்டில் வெளியேறும் அப்பாக்களை ஒவ்வொரு காட்சியிலும் பார்க்க முடிந்தது. யுனிவர்சலில் ஜேம்ஸ் கேமரூனின் ‘டெர்மினேட்டர் 2’ 3டி ஷோவும் 1996-இலிருந்து 2017 வரை தாக்குப்பிடித்தது மேடையில் நிஜ நடிகர்கள் இருந்ததால்தான். மோட்டார் சைக்கிளில் ஆள் திரைக்குள் பாய்ந்து, அந்த நொடியே படத்துக்குள் ஓட்டிக்கொண்டு போவான். எப்படி என்று தெரிந்த பிறகும் பிடித்திருந்தது.

யுனிவர்சலின் ‘பேக் டு த ஃபியூச்சர்’ ரைடை நான் வருவதற்கு முன்பே, 2007-இல், மூடிவிட்டார்கள். டக்ளஸ் ட்ரம்புல் இயக்கிய படம். பிரம்மாண்ட வளைவுத் திரை, எட்டுப் பேர் உட்காரும் டெலோரியன் கார். அந்த ரைடு படத்தைப் பின்னால் டிவிடியில் சேர்த்துக் கொடுத்தார்கள். வீட்டு சோபாவில் பார்த்தேன். நான்கு நிமிஷம் எதிலோ மோதிக்கொண்டே இருக்கிறார்கள், நமக்கு ஒன்றும் ஆவதில்லை. நேரில் ஏறிய நண்பர்கள் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசும் பேச்சுக்கும் அந்த டிவிடிக்கும் சம்பந்தமே இல்லை.

சரி, இன்னும் ஓடுகிறவற்றுக்கு வருவோம்.

எப்காட்டின் ஸோரின். கிளைடரில் தொங்குவது போல நம்மைத் தூக்கி, வளைந்த திரைக்கு முன்னால் நிறுத்திவிடுவார்கள். கால்கள் அந்தரத்தில் ஆடும். 2001-இல் கலிபோர்னியாவில் ஆரம்பித்து, 2005-இல் எப்காட்டுக்கு வந்தது. பழைய படம் முழுக்கக் கலிபோர்னியா. ஐமேக்ஸ் பிலிமில், நொடிக்கு 48 ஃப்ரேம் வேகத்தில் ஓடியது, ஜெர்ரி கோல்ட்ஸ்மித் இசை. ஆரஞ்சுத் தோட்டத்துக்கு மேலே பறக்கும்போது ஆரஞ்சு வாசம் வரும். வேடிக்கை என்னவென்றால், ஃப்ளோரிடாவில் ஏறினாலும் கடைசியில் கலிபோர்னியா டிஸ்னிலேண்டின் வாணவேடிக்கையில்தான் போய் முடியும். யாரும் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

2016-இல் அதை எடுத்துவிட்டு உலகம் சுற்றும் புதுப் படம் போட்டார்கள். படம் பளிச்சென்று இருக்கிறது, பிலிமில் சேரும் தூசியும் கீறலும் இதில் கிடையாது. எகிப்து, சீனப் பெருஞ்சுவர், தாஜ்மகால் எல்லாம் உண்டு. தாஜ்மகால் வந்ததும் பக்கத்து இருக்கையில் யாராவது ஓர் இந்தியர் “ஆ!” என்பது உறுதி. ஆனால் எனக்குப் பழையதுதான் மேல். வளைந்த திரையில் நேர்கோடு நேராக நிற்காது. ஆறு, மலை, பழத்தோட்டம் என்றால் வளைந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஈஃபில் கோபுரத்தை வைத்தால்? ஓரத்து இருக்கையிலிருந்து அது வாழைப்பழம்போல வளைந்து நிற்கும். கூடவே கிரீன்லாந்தில் துள்ளும் திமிங்கிலம் மாதிரி கம்ப்யூட்டரில் சேர்த்தவை. பழைய படத்தில் ஒரு ஹெலிகாப்டர் நிஜமாகப் போய் எடுத்துவந்த உணர்வு இருந்தது. புதியதில் பாதி நேரம் அது போய்விடுகிறது. பதினைந்து வயது இளையதான படம் முதலில் பழசாகும் என்று எனக்குத் தோன்றுகிறது. கலிபோர்னியாவில் பழைய படத்தை அவ்வப்போது சில மாதங்களுக்குத் திரும்பப் போடுகிறார்கள். அந்தப் பக்கம் போனால் விசாரித்துப் பாருங்கள்.

விண்கலத்தில் போவது போன்ற ‘ஸ்டார் வார்ஸ்’ ரைடான ஸ்டார் டூர்ஸை 2011-இல் மாற்றியது நல்ல மாற்றம். 1987-இன் ஒரே படத்துக்குப் பதில் பல காட்சிகளைக் கலைத்துப் போட்டுக் காட்டுகிறார்கள். ஆரம்பத்திலேயே 54 விதமாக வரும்படி செய்திருந்தார்கள். அடிக்கடி போகிறவர்களுக்கு இது வரம். பழைய விமானி ரெக்ஸ் ரோபோவை எடுத்துவிட்டார்களே என்று வருத்தப்பட்டவர்களுக்காக, 2019-இல் திறந்த ஸ்டார் வார்ஸ் பகுதியின் மதுக்கூடத்தில் அதை டிஜே ஆக்கி உட்கார வைத்திருக்கிறார்கள். என் மகனுக்கு ரெக்ஸ் பாட்டுப் போடும் ஆள். அது ஒரு காலத்தில் விண்கலம் ஓட்டியது என்றால் நம்ப மறுக்கிறான்.

கடைசியாக மேஜிக் கிங்டமின் மிக்கிஸ் ஃபில்ஹார்மேஜிக். 2003 முதல் ஓடுகிறது. 150 அடி அகலத் திரை, டொனால்டு வாத்து மந்திரத் தொப்பியைத் தொலைத்துவிட்டு ஒவ்வொரு டிஸ்னி படத்துக்குள்ளும் விழுந்து எழும் கதை. 2021-இல் ‘கோகோ’ காட்சியைச் சேர்த்தார்கள். அதை மற்ற காட்சிகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் கடல்கன்னி ஏரியல் முகத்தில் இருக்கும் பிளாஸ்டிக் பளபளப்பு உறுத்துகிறது. இருந்தாலும் இதற்கு நான் இன்னும் ஆட்களைக் கூட்டிப்போகிறேன். டொனால்டின் கோபத்துக்கு மொழி தேவையில்லை. அந்தக் குரலே அமெரிக்கர்களுக்கும் சரியாகப் புரிவதில்லை என்பதால், ஊரிலிருந்து வந்த அத்தைக்கும் இங்கே பிறந்த பிள்ளைக்கும் ஒரே அளவுதான் புரியும். விருந்துக் காட்சியில் இனிப்பு வாசம் வந்ததும் கொட்டகையே மூக்கை உறிஞ்சுவது கேட்கும்.

போகிறவர்களுக்கு ஒரு யோசனை. கதவு திறந்ததும் முந்திக்கொண்டு ஓடாதீர்கள். வரிசையின் கடைசிவரை நகரச் சொல்வார்கள், முதலில் போனவர் ஓரத்தில்தான் மாட்டுவார். பாதிப் பேரை விட்டுவிட்டு நுழைந்தால் நடு இருக்கை கிடைக்கும். ஸோரினில் வாசலில் நிற்கும் ஊழியரிடம் நடுப்பகுதி, முதல் வரிசை என்று கேளுங்கள். கொஞ்சம் காத்திருக்கச் சொல்வார், காத்திருங்கள். ஈஃபில் கோபுரம் கிட்டத்தட்ட நேராகத் தெரியும், தலைக்கு மேலே யாருடைய செருப்பும் தொங்காது. ஃபில்ஹார்மேஜிக்கில் படம் முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாமல் பின்சுவரைத் திரும்பிப் பாருங்கள். டொனால்டு சுவரில் தலைகுப்புறச் செருகிக்கொண்டு, வாலை மட்டும் நமக்குக் காட்டிக் காலை உதைத்துக்கொண்டிருக்கும்.