கால் உடைஞ்சு வீட்ல இருந்தப்ப பைக்க எப்படி பாத்துக்கிட்டேன்: கிளாசிக் 350, நீண்ட நாள் அனுபவம்

பைக்க ரொம்ப நாள் நிறுத்தி வெக்கறது எப்படின்னு தேடினா டிப்ஸ் நிறைய கிடைக்குது, ஆனா எல்லாமே ரெண்டு கால்லயும் நல்லா நிக்கறவங்களுக்கு எழுதினது. வாரா வாரம் வண்டிய உருட்டி விடுங்க, பேட்டரிய கழட்டி சார்ஜ் போடுங்கன்னு இருக்கும். இடது கணுக்கால்ல பிளேட்டு வெச்சுக்கிட்டு வாக்கர் புடிச்சு நடக்கற ஆளுக்கு கீழ பார்க்கிங் வரைக்கும் எறங்கறதே பெரிய வேலை. அதனால மாசக்கணக்குல யாரும் தொடலைன்னாலும் வண்டி கெடாத மாதிரி ஆரம்பத்துலயே ஒரே மூச்சுல எல்லாத்தையும் செஞ்சு முடிச்சிடணும். அப்படித்தான் நான் செஞ்சேன், வண்டி நல்லா இருக்கு.

என்னோடது ராயல் என்ஃபீல்டோட புது ஜே சீரிஸ் இஞ்சின் வந்த கிளாசிக் 350, 195 கிலோ வெயிட்டு. மெயின் ஸ்டாண்ட் போடறத மட்டும் யோசிச்சு பாருங்க, வண்டிக்கு இடது பக்கம் நின்னு வலது கால ஸ்டாண்ட் மேல வெச்சு அழுத்துவோம்ல, அந்த நேரத்துல நம்ம உடம்பு மொத்தமும் இடது கால்லதான் நிக்குது. டாக்டர் நடக்கலாம்னு சொன்னதுக்கு அப்புறமும் இது ரொம்ப நாளைக்கு முடியாது. அதனால வழக்கமா பாக்கற மெக்கானிக் தம்பிய வீட்டுக்கே வரச்சொல்லி, அவன் கைக்கு காசு குடுத்து, நான் சேர்ல உக்காந்து ஒண்ணொண்ணா சொல்ல அவன் செஞ்சான். சொந்தக்காரங்க, ஃப்ரெண்டு யார்கிட்டயாவது சொன்னா நாளைக்கு வரேன்னு சொல்லி தள்ளிப்போகும், காசு குடுத்து செய்யறதுதான் சரி.

எங்க வெக்கறதுங்கறதுதான் முதல் கேள்வி. எங்க வீடு சென்னை வேளச்சேரி. 2015 டிசம்பர் வெள்ளம், 2023 மிக்ஜாம் புயல் ரெண்டையும் பாத்த ஏரியா, 2024 அக்டோபர்ல மழை வருதுன்னு சொன்ன உடனே பாலத்து மேல காரா கொண்டுபோய் வரிசையா நிறுத்தினாங்க. நல்லா இருக்கறவன் ராத்திரி பன்னெண்டு மணிக்கு வண்டிய எடுத்துட்டு ஓடலாம், கட்டு போட்ட கால வெச்சுக்கிட்டு நான் எங்க ஓடறது. அதனால ஐப்பசி பொறக்கறதுக்கு முன்னாடியே பல்லாவரத்துல மேட்டுத் தெருல இருக்கற மச்சான் வீட்டுக்கு வண்டிய அனுப்பிட்டேன். எங்க அபார்ட்மென்ட் பார்க்கிங்ல இன்னொரு தொல்லையும் உண்டு, கார எடுக்கறவங்க ஹேண்டில் லாக் போட்ட வண்டியயே இழுத்து தள்ளி வெப்பாங்க, 195 கிலோ ஒரு பக்கம் சாஞ்சா கிராஷ் கார்டு இருந்தாலும் லிவர் வளையும்.

பெட்ரோல். இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, எத்தனால் காத்துல இருக்கற ஈரத்த இழுக்கும். டேங்க்ல காலி இடம் எவ்வளவு இருக்கோ அவ்வளவு ஈரக்காத்து உள்ள நிக்கும், இரும்பு டேங்க் உள்பக்கமா துரு புடிக்கும், அந்தத் துரு போய் ஃபியூவல் பம்ப்லயும் இன்ஜெக்டர்லயும் உக்காரும். அதனால 13 லிட்டர் டேங்க்க ஃபுல் பண்ணித்தான் நிறுத்தினேன். பழைய கார்புரேட்டர் புல்லட் வெச்சிருக்கறவங்க டேங்க்குக்கு அடில இருக்கற பெட்ரோல் டேப்ப மூடிட்டு கார்புரேட்டர்ல மிச்சம் இருக்கறத வடிச்சுடணும், இல்லைன்னா ஜெட்ல பிசின் மாதிரி அடைச்சுக்கும்.

பேட்டரிதான் இந்த வண்டில முக்கியம், ஏன்னா புது கிளாசிக்ல கிக்கரே கிடையாது, செல்ஃப் எடுக்கலைன்னா தள்ளணும், தள்ள கால் வேணும். மைனஸ் டெர்மினல மொதல்ல கழட்டி, அப்புறம் பிளஸ், பேட்டரிய மொத்தமா வெளில எடுத்து வீட்டுக்குள்ள கொண்டுவந்துட்டேன். கட்டில் பக்கத்துலயே ஆட்டோமேட்டிக் கட்-ஆஃப் இருக்கற சின்ன சார்ஜர் வெச்சு மாசத்துக்கு ஒரு தடவ போட்டேன். படுத்துக்கிட்டே செய்யக்கூடிய ஒரே பைக் வேலை இதுதான், மனசுக்கும் நல்லா இருந்துச்சு.

வர்றவங்க எல்லாரும் பாசமா சொன்னது, "சாவிய குடு தம்பி, வாரம் ஒரு வாட்டி ஸ்டார்ட் பண்ணி வெக்கறேன்". அன்பா மறுத்துடுங்க. நின்ன இடத்துல ரெண்டு நிமிஷம் ஓட விட்டா ஸ்டார்ட் பண்ண செலவான சார்ஜ் கூட திரும்ப ஏறாது, இஞ்சின் சூடு ஏறாம ஆயில்லயும் சைலன்சர்லயும் தண்ணி தங்கும். இருபது நிமிஷம் ரோட்டுல ஓட்டறதா இருந்தா சரி, இல்லைன்னா தொடவே வேணாம்.

சைலன்சர் வாய்ல சிவப்பு துணிய சுருட்டி வெளில தொங்கற மாதிரி அடைச்சாச்சு, குளவி கூடு கட்டாது, எடுக்க மறக்கவும் மாட்டோம். செயினுக்கு லூப்ரிகன்ட் அடிச்சாச்சு. எலிக்கு சீட்டுக்கு அடில அந்துருண்டை. மூடறதுக்கு பிளாஸ்டிக் ஷீட் மட்டும் வேணாம், உள்ளயே வேர்த்து க்ரோம் எல்லாம் புள்ளி புள்ளியா வரும், வீட்ல இருந்த பழைய காட்டன் பெட்ஷீட்டே போதும்.

இன்சூரன்ஸ், வண்டி ஓடலையேன்னு விட்றாதீங்க. 2018 செப்டம்பர்ல இருந்து புதுசா வாங்கின பைக்குக்கு தேர்ட் பார்ட்டி 5 வருஷத்துக்கு சேர்த்தே வந்திருக்கும், ஆனா ஓன் டேமேஜ் தனியா ரினியூ பண்ணணும், நின்ன வண்டிக்கு வெள்ளம், திருட்டுக்கு எல்லாம் காசு தர்றது அதுதான். பாலிசி முடிஞ்சு 90 நாள் தாண்டினா நோ கிளெய்ம் போனஸும், அதாவது கிளெய்ம் பண்ணாததுக்கு பிரீமியத்துல கிடைக்கற தள்ளுபடியும் போயிடும்.

திரும்ப எடுக்கறப்ப டிஸ்க்ல லேசா துரு இருந்துச்சு, நாலு தடவ மெதுவா பிரேக் புடிச்சதும் போயிடுச்சு. டயர்ல காத்து எறங்கியிருந்துச்சு. கியர் போட்டு கிளட்ச் புடிச்சுக்கிட்டு தள்ளிப் பாத்தேன், கிளட்ச் பிளேட்டு ஒட்டல. வண்டி ரெடி, கால் ரெடியான்னுதான் பாக்கணும். சிக்னல்ல நம்ம ஊர்ல எறக்கி ஊன்றது பெரும்பாலும் இடது கால். இஞ்சின் ஆஃப்ல சீட்ல உக்காந்து, மச்சான் பின்னாடி கேரியர புடிச்சுக்க, வண்டிய இடது பக்கமா சாய்ச்சு சாய்ச்சு தாங்குதான்னு பாத்தேன். பிசியோதெரபிஸ்ட் அந்த ஒத்தக் கால்ல குதிகால் தூக்கி நிக்க வெச்சு பாத்துட்டுத்தான் ஓகே சொன்னாரு. கிளாசிக்ல ஹீல்-டோ கியர் லிவர் இருக்கறது இந்த நேரத்துல பெரிய உதவி, கணுக்கால் மடங்கலைன்னாலும் விரல தூக்காம குதிகாலால மிதிச்சே மேல் கியர் போட்டுக்கலாம். ஒன் டவுன் அமைப்புல (முதல் கியருக்கு கீழ மிதிச்சு, மத்த கியருக்கு மேல தூக்கறது) டோ லிவர் மட்டும் இருக்கற வண்டி வெச்சிருக்கறவங்க ஷூ போட்டு விரல மேல தூக்கறப்ப வலிக்குதான்னு வீட்லயே பாத்துட்டு எறங்குங்க, வலிச்சா இன்னும் ரெண்டு வாரம் பஸ்லயே போங்க.