மண்டபமா, வாசல் பந்தலா, கோயிலா, பதிவு அலுவலகமா? உறவினர் கையும் நம் பணமும் சேர்ந்து நடத்தும் கல்யாணம்

என் கல்யாணத்துக்கு என் கையில் இருந்தது இரண்டு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய். ஆறு வருடம் வேலை பார்த்துச் சேர்த்த பணம். அப்பா இல்லை. கடன் வாங்கிக் கல்யாணம் செய்ய அம்மாவுக்கும் மனம் இல்லை, எனக்கும் இல்லை. அம்மாவின் சங்கிலியும் வளையலுமே போதும் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டதால் நகைச் செலவு இல்லை. ஊர் கும்பகோணத்துக்குப் பக்கம். எப்படிக் குறைத்தாலும் முந்நூறு பேரை அழைத்தே ஆக வேண்டும். இது 2019 ஆவணி மாதத்துக் கணக்கு. இன்று எல்லா விலையும் ஏறியிருக்கும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

டவுன் மண்டபம், வீட்டு வாசலில் பந்தல், சுவாமிமலை முருகன் கோயில், பதிவு அலுவலகம் என்று நான்கு வழிகள் தெரிந்தன. நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி நானும் தாய்மாமாவும் நான்குக்கும் தனித்தனிப் பக்கம் போட்டோம். முதல் நாள் செலவை மட்டும் எழுதினோம். மறுநாள் பெரியம்மா வந்து நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நாங்கள் இத்தனை பேர் இருக்கிறோமே, எங்களுக்கு என்ன வேலை வைத்திருக்கிறாய்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அன்றைக்கு ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் ஒரு கோடு கிழித்தோம். இந்தப் பக்கம் செலவு. அந்தப் பக்கம், இங்கே யாருடைய கை உதவும் என்ற பட்டியல். இடத்தைத் தேர்ந்தெடுக்க எனக்கு வழி காட்டியது அந்த இரண்டாவது பட்டியல்தான்.

மண்டபம்

மண்டபத்தில் முதலில் சொன்ன வாடகை எழுபத்தைந்தாயிரம். முந்தின நாள் பிற்பகல் முதல் மறுநாள் மூன்று மணி வரை. பிறகு ஒரு தாளை நீட்டினார்கள். மின்சாரம் யூனிட் கணக்கு, ஜெனரேட்டருக்கு டீசல், துப்புரவு, கேஸ் சிலிண்டர், குப்பை அள்ளக் கூலி, இவற்றோடு வரி. கூட்டிப் பார்த்தால் இன்னும் இருபத்திரண்டாயிரம். தாளின் கடைசி வரியில் "வெளிச் சமையலுக்கு அனுமதி இல்லை" என்று இருந்தது.

அந்த ஒரு வரியில்தான் மொத்தக் கணக்கும் அடங்கியிருக்கிறது. இரவு வரவேற்புக்கு 300 இலை, இலைக்கு 160 ரூபாய்; காலை டிபன் 200 பேருக்கு 100 வீதம்; முகூர்த்தச் சாப்பாடு 250 பேருக்கு 180 வீதம். சாப்பாடு மட்டும் 1,13,000. மண்டபத்தோடு சேர்த்தால் 2,10,000. புடவை, வேட்டி, மாலை, நாதஸ்வரம், பத்திரிகை, வண்டி எல்லாவற்றுக்கும் மீதி எழுபதாயிரம்தான்.

எதிர்ப்பட்டியலில் எழுதவும் ஒன்றும் இல்லை. சித்தப்பாவின் வயல் அரிசி அங்கே செல்லாது. அத்தை வீட்டுப் பால் செல்லாது. வருகிறவர்களை வாசலில் நின்று வரவேற்கலாம், பந்தியில் உட்காரலாம், அவ்வளவுதான்.

ஆனாலும் மண்டபத்தைக் குறைசொல்ல மாட்டேன். மழை வந்தால் கவலை இல்லை, கழிப்பறை இருக்கிறது, வெளியூர்க்காரர்கள் குளித்து உடை மாற்ற அறை இருக்கிறது. உறவினர் குறைவாக இருப்பவர்களுக்கும், எல்லோரும் முந்தின நாள் மாலைதான் ஊர் வந்து சேர முடியும் என்கிற குடும்பத்துக்கும் அதுவே சரி. அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை வளர்பிறை முகூர்த்தத்தை விட்டு வார நாளில் வரும் தேய்பிறை முகூர்த்தத்தைக் கேளுங்கள். வாடகையைக் குறைத்துப் பேச இடம் இருக்கும். பஞ்சாயத்து சமுதாயக் கூடமோ கோயிலுக்குச் சொந்தமான மண்டபமோ கிடைக்குமா என்றும் விசாரியுங்கள். எங்கே போனாலும், வெளிச் சமையல்காரரை விடுவார்களா என்பதைக் கேட்டுவிட்டுப் பிறகு வாடகை பேசுங்கள்.

வாசல் பந்தல்

வாடகையே இல்லாத வழி என்று வாசல் பந்தலைத்தான் எல்லோரும் சொன்னார்கள். எழுதிப் பார்த்தால் அப்படி இல்லை. ஷாமியானா, நாற்காலி, பந்தி மேசை, அண்டா குண்டான், தண்ணீர் லாரி, தற்காலிகக் கழிப்பறை என்று மண்டப வாடகையில் பாதியைத் தொட்டுவிடுகிறது. ஐப்பசியில் வைப்பவர்கள் எங்கள் பக்கம் வானத்தையும் நம்ப முடியாது.

ஆனால் இந்தப் பக்கத்தின் எதிர்ப்பட்டியல் நிரம்பி வழிந்தது. அடுத்த வீட்டுத் திண்ணை முதல் எதிர் வீட்டுக் கிணறு வரை எல்லாமே உதவிக்கு வரும். பிறகு ஏன் வேண்டாம் என்றேன்? சின்ன அத்தையின் கல்யாணம் எங்கள் வாசலில்தான் நடந்தது. கெட்டிமேளம் கொட்டிய நேரத்தில் பாட்டி கொல்லைப்புறத்தில் பால் பாத்திரங்களை எண்ணிக்கொண்டிருந்தாராம். பெற்ற மகளின் கழுத்தில் தாலி ஏறியதை அவர் பார்க்கவில்லை. முப்பது வருடம் கழித்தும் பாட்டி அதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிடும். வீட்டுக் கல்யாணத்தில் உதவி என்ற பெயரில் வேலை முழுக்க அந்த வீட்டுப் பெண்கள் தலையில்தான் விழுகிறது. என் அம்மாவுக்கு அது வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

பதிவு அலுவலகம்

செலவு மிகக் குறைந்த வழி இது. இதில் பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு. மண்டபத்தில் செய்தாலும் கோயிலில் செய்தாலும், 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்தே ஆக வேண்டும். 90 நாளுக்குள் செய்துவிடுவது நல்லது. இது நடந்த திருமணத்தைப் பதிவது. அலுவலகத்திலேயே திருமணம் செய்துகொள்வது 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி நடப்பது. அதற்கு 30 நாள் முன்னறிவிப்பும் மூன்று சாட்சிகளும் வேண்டும்.

புரோகிதரும் சடங்கும் வேண்டாம் என்று நினைக்கும் இந்துக்களுக்கு இன்னொரு வழி, சுயமரியாதைத் திருமணம். அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்து அதைச் செல்லுபடியாக்கினார்கள். உறவினர், நண்பர் முன்னிலையில், இருவருக்கும் புரியும் மொழியில், இவரைத் துணையாக ஏற்கிறேன் என்று சொல்லி மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் போதும், தாலியும் கட்டலாம். இதற்கு ஊரைக் கூட்டி அறிவிக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று உச்ச நீதிமன்றமும் 2023-இல் தெளிவாக்கியது. வீட்டை எதிர்த்துத் திருமணம் செய்துகொள்ளும் பிள்ளைகளுக்கு இந்தச் சட்டம் எவ்வளவு பெரிய துணை என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். எனக்கு வீட்டில் எதிர்ப்பு இல்லை. அத்தனை பேரும் அட்சதை போட வேண்டும் என்ற ஆசை அம்மாவுக்கு இருந்தது. அதனால் இந்தப் பக்கத்தை மூடினோம்.

கோயிலும் கீழே ஒரு சின்னக் கூடமும்

சுவாமிமலையில் திருமணத்துக்கு முன்கூட்டியே பதிய வேண்டும். கோயிலுக்குக் கோயில் சற்று மாறினாலும், வயதுச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படம், இது முதல் திருமணம் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய சான்று ஆகியவை பொதுவாகத் தேவைப்படும். மணமக்களில் ஒருவர் மாற்றுத்திறனாளியாக இருந்தால் கோயில் திருமணத்துக்குக் கட்டணம் இல்லை என்று 2021-இல் அரசு அறிவித்தது, தெரியாதவர்களுக்குச் சொல்லுங்கள். ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் வரும் முகூர்த்தங்களில் கூட்டம் அதிகம். ஒரே காலையில் பல ஜோடிகள் நிற்பார்கள், உங்களுக்குக் கிடைப்பது சிறிது நேரம்தான். நிதானமாகச் சடங்கு செய்ய விரும்புகிறவர்களுக்கு இது ஒத்துவராது.

கோயில் கட்டணமும் மற்றதும் சேர்த்து ஆறாயிரத்துக்குள் முடிந்தது. மலைக்குக் கீழே, வெளிச் சமையலை அனுமதிக்கும் ஒரு சின்னக் கூடம் பதினைந்தாயிரத்துக்குக் கிடைத்தது. சமையல்காரரைக் கூலிக்கு மட்டும் பேசினோம். அவருக்கும் உதவியாட்களுக்கும் பரிமாறுபவர்களுக்கும் இருபத்தாறாயிரம். அவர் எழுதிக் கொடுத்த பட்டியல்படி மளிகை, காய்கறி, பால், இலை எல்லாம் நாற்பத்தெட்டாயிரம். மொத்தம் 95,000. மண்டபக் கணக்கைவிட 1,15,000 குறைவு. மாலை வரவேற்பை விட்டுவிட்டு, முந்தின இரவு நெருங்கிய உறவினருக்கு மட்டும் சாப்பாடு போட்டதால் இரண்டையும் நேருக்கு நேர் வைப்பது முழுக்கச் சரியாகாது. அப்படி ஒரு வரவேற்பை இதே முறையில் வைத்திருந்தாலும் மண்டபத்தை எட்டியிருக்காது.

நாற்பத்தெட்டாயிரத்தில் அரிசி இல்லை என்பதைக் கவனியுங்கள். நூறு பேருக்குப் பத்து கிலோ என்பது சமையல்காரரின் கணக்கு. சித்தப்பா தன் வயலில் விளைந்த பொன்னி அரிசி இரண்டு மூட்டையைக் கொண்டுவந்து இறக்கினார். மாமா விடிவதற்கு முன்பே தாராசுரம் சந்தைக்குப் போய்க் காய்கறி எடுத்துவந்தார். அன்று மாலை கூடத்தில் ஜமுக்காளம் விரித்து, ஏழெட்டு அரிவாள்மனைகளோடு அத்தைகளும் பெரியம்மாவும் பக்கத்து வீட்டுக்காரர்களும் உட்கார்ந்தார்கள். பூசணிக்காயை யார் முதலில் பிளப்பது என்று ஒரு பேச்சு. அவியலுக்கு விரல் நீளம் போதுமா என்று சமையல்காரரிடம் ஒரு துண்டைத் தூக்கிக் காட்டிக் கேட்டார்கள். ஒன்பது மணிக்கு எல்லாம் நறுக்கியாயிற்று. அம்மாவை நறுக்க விடவில்லை.

உக்கிராண அறைச் சாவி பெரியப்பாவிடம் மட்டும். ஒரு படி சர்க்கரை போனாலும் அவர் நோட்டில் ஏறும். ஒரு வேலைக்கு ஒருவர், அவர் பெயர் நோட்டில், அவர் சொல்வதே முடிவு என்று வைத்துக்கொண்டதால் சண்டை வரவில்லை.

எந்த உதவியை வாங்கலாம்

முந்தின நாளே செய்து முடிக்கக்கூடிய வேலைகளில் உதவியைத் தயங்காமல் வாங்குங்கள். அந்த நொடியில் தவறினால் திரும்பக் கிடைக்காத வேலையைக் கூலிக்குக் கொடுங்கள். இதை நான் இழந்து கற்றேன். படம் எடுக்கிறேன் என்று கல்லூரி நண்பன் சொன்னான். நல்ல கேமரா, நல்ல கண். தாலி கட்டும் நேரத்தில் அவன் அழுதுவிட்டான். அந்தப் படம் எங்களிடம் இல்லை. சித்தி மகள் பின்னால் நின்று போனில் எடுத்த ஒன்று இருக்கிறது. அதில் என் முகம் தெரியாது, அட்சதை போட உயர்த்திய அம்மாவின் கை தெரியும்.

பண உதவியில் கவனம் வேண்டும். மொய் என்பது வரவு அல்ல. திருப்பிச் செய்ய வேண்டிய கடன். மொய் விருந்தே ஒரு பருவமாக நடக்கும் பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்து ஆட்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. வரப்போகும் மொய்யை நம்பிச் செலவைத் திட்டமிட்டால், வட்டி இல்லையே தவிர அது கடன் வாங்கிச் செய்த கல்யாணம்தான். நாங்கள் மொய் நோட்டைச் செலவுக் கணக்கோடு சேர்க்கவே இல்லை. வேறொன்று செய்தோம். பாத்திரமும் குத்துவிளக்கும் சீராகச் செய்ய இருந்த நெருங்கிய உறவினர் சிலரிடம், அதற்குப் பதிலாக ஏதாவது ஒரு செலவை ஏற்றுக்கொள்ள முடியுமா என்று தனித்தனியே போய்க் கேட்டோம். மாமா தன் சீரை நாதஸ்வரக்காரருக்கும் மாலைக்கும் என்று மாற்றினார். ஓர் அத்தை வருத்தப்பட்டார். சபையில் வைக்க ஒரு பொருள் வேண்டாமா என்றார். அவர் வாங்கிவந்த நாச்சியார்கோயில் விளக்குதான் இன்றும் எங்கள் வீட்டில் எரிகிறது. இப்படிக் கேட்பது எல்லோரிடமும் செல்லாது. நான்கு பேர் இருக்கும்போது கேட்காதீர்கள்.

எல்லாச் செலவும் போக எழுபதாயிரத்துக்குச் சற்று மேல் மிஞ்சியது. வாடகை வீட்டுக்கு முன்பணமாக அதைக் கொடுத்தோம்.

சுவாமிமலையில் ஒரு சிக்கலை நாங்கள் எழுத மறந்திருந்தோம். ஏறிப்போக அறுபது படிகள். தமிழ் வருடங்கள் அறுபதுக்கும் ஒவ்வொன்று. பாட்டிக்கு முழங்கால் வளையாது. காலையில் படிக்கட்டின் கீழே நின்று, "நீங்கள் போய் வாருங்கள், நான் இங்கிருந்தே கும்பிட்டுக்கொள்கிறேன்" என்றார். பரிமாற நின்றிருந்த மாமா பிள்ளைகள் நான்கு பேர் கூடத்திலிருந்து ஒரு மர நாற்காலியைத் தூக்கி வந்தார்கள். பாட்டியை அதில் உட்காரவைத்து, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார்கள். பிரபவ, விபவ என்று பாட்டி வாய்க்குள் எண்ணிக்கொண்டே வந்தார். பதினான்காவது படியில் நிறுத்தச் சொல்லி, "விக்கிரம. இது நான் பிறந்த வருடம்" என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு மேலே போகலாம் என்றார். நோட்டில் அந்த வேலைக்கு நேராக நாங்கள் யார் பெயரையும் எழுதியிருக்கவில்லை.