முதல் தட்டா, இரண்டாம் தட்டா? எலிவேட்டர்ஸை மறுபடி கேட்டபோது

தேர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸை எந்த ஆல்பத்திலிருந்து கேட்கத் தொடங்கலாம் என்று யாராவது கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: முதல் ஆல்பம். நானும் பல வருடங்கள் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதில்லை. சமீபத்தில் அவர்களுடைய மூன்று ஸ்டுடியோ ஆல்பங்களையும் வரிசையாக, இடையில் வேறு இசை எதுவும் கலக்காமல், பல இரவுகள் திரும்பத் திரும்பக் கேட்டேன். முடிவு மாறிவிட்டது. அந்தக் குழுவில் யாரைக் கவனித்துக் கேட்க வேண்டும் என்பதும் சேர்ந்தே மாறிவிட்டது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் 1965 கடைசியில் உருவான குழு இது. பாட்டும் ரிதம் கிதாரும் ராக்கி எரிக்சன். லீட் கிதார் ஸ்டேசி சதர்லாண்ட். பாடல் வரிகளில் பெரும்பகுதியும் மின்ஜக் என்ற விசித்திர வாத்தியமும் டாமி ஹால். சைக்கடெலிக் ராக், அதாவது போதை மருந்து தரும் மனமயக்கத்தை ஒலியில் கொண்டுவர முயன்ற ராக் இசை, என்றாலே எல்லோரும் சான் பிரான்சிஸ்கோ, லண்டன் என்று பேசுவார்கள். ஆனால் 'சைக்கடெலிக்' என்ற சொல்லைத் தலைப்பிலேயே தாங்கி வந்த முதல் சில ஆல்பங்களில் ஒன்று டெக்சாஸிலிருந்து, ஹூஸ்டனின் இன்டர்நேஷனல் ஆர்டிஸ்ட்ஸ் என்ற சிறு நிறுவனத்திலிருந்து வந்தது. 1966இல் வெளியான 'தி சைக்கடெலிக் சவுண்ட்ஸ் ஆஃப் தி தேர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ்'. அடுத்த வருடமே 'ஈஸ்டர் எவ்ரிவேர்'. 1969இல் 'புல் ஆஃப் தி வுட்ஸ்'. அவ்வளவுதான், குழு முடிந்தது.

நடுவில் 1968இல் 'லைவ்' என்று ஒரு தட்டும் உண்டு. அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. மிச்சம் மீதி ஸ்டுடியோப் பதிவுகளின் மேல் கைதட்டலையும் கூச்சலையும் ஒட்டி நிறுவனம் வெளியிட்ட தட்டு அது. மேடையில் அவர்கள் எப்படி வாசித்தார்கள் என்று அறிய ஆசைப்பட்டு அதை வாங்கிவிடாதீர்கள்.

சரி, முதல் ஆல்பத்துக்கு வருவோம். ஊசியை வைத்ததும் 'யூ ஆர் கோனா மிஸ் மி'. நான்கு முரட்டு கார்டுகள், பின்னாலேயே ராக்கியின் அலறல். இந்தப் பாடல் தனி சிங்கிளாக அந்த வருடத் தொடக்கத்திலேயே வந்து, பில்போர்டு பட்டியலில் 55ஆம் இடம் வரை ஏறியது. குழுவுக்குக் கிடைத்த ஒரே அகில அமெரிக்க வெற்றி அதுதான். பதிவானபோது ராக்கிக்கு வயது 18. அந்தக் குரலில் ஒரு பயமுறுத்தும் நிச்சயம் இருக்கிறது. காதலியிடம் கெஞ்சுகிற பாட்டு இல்லை இது. நீ வருந்தத்தான் போகிறாய் என்று தீர்ப்பு சொல்கிற பாட்டு.

ஆல்பத்தின் மற்ற பாடல்கள் பெரும்பாலும் டல்லாஸில், 1966 அக்டோபரில், மிக வேகமாகப் பதிவானவை. தயாரிப்பாளர் லீலன் ராஜர்ஸ், பிற்பாடு கன்ட்ரி இசையில் பெரும் புகழ் பெற்ற கென்னி ராஜர்ஸின் அண்ணன். அவசரம் காதிலேயே கேட்கிறது. குரல் ஒரு பக்கம் குழைகிறது, டிரம்ஸ் ஒரு பக்கம் அமுங்குகிறது, எல்லாவற்றின் மேலும் எதிரொலி மூடுபனி போலப் படர்கிறது. இதைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 'ஃபயர் எஞ்ஜின்' பாடலில் தீயணைப்பு வண்டியின் சைரனை வாயாலேயே ஊளையிட்டுத் தொடங்குவார்கள். அந்த இடத்தில் சுத்தமான பதிவு இருந்திருந்தால் பாதி வேகம் போயிருக்கும்.

அப்புறம் அந்த ஜக். முதல் முறை கேட்டபோது பதிவில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தேன். பாட்டு முழுக்க அடியில் ஏதோ குமிழ் குமிழாகக் கொதித்துக்கொண்டே இருந்தது. பழைய ஜக் இசைக்குழுக்களில் ஜாடியின் விளிம்பில் காற்றை ஊதி, பேஸ் போல ஆழமான ஒலி எழுப்புவார்கள். ஹால் செய்தது வேறு. ஜாடியின் வாய்க்கருகே மைக்கைப் பிடித்துக்கொண்டு, தொண்டையாலேயே வேகமான சுரங்களைக் குதறி உள்ளே அனுப்புவார். காலிக் குடத்துக்குள் முகம் வைத்துக் கூவி விளையாடியவர்களுக்கு அது எப்படிப்பட்ட ஒலி என்று உடனே புரியும். நம் குரல்தான், ஆனால் நம்முடையதல்லாத ஏதோ ஒன்று பதில் சொல்வது போல இருக்கும். முதல் ஆல்பத்தில் அந்தக் குமிழ் ஒலி கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் முன்னால் வந்து நிற்கிறது. பலர் இந்தக் குழுவைக் கேட்டுவிட்டுப் பாதியில் விலகுவதற்கும் காரணம் அதுதான், பலர் மயங்குவதற்கும் காரணம் அதுதான்.

எனக்கு அது சில பாடல்களில் பொருந்துகிறது, சிலவற்றில் இடிக்கிறது. 'ரோலர் கோஸ்டர்' பாடலில் பொருந்துகிறது. சதர்லாண்டின் கிதார் ஒரு இருண்ட, சுருள்கிற ராகத்துணுக்கை வாசித்துக்கொண்டே இருக்க, பாட்டு நடுவில் திடீரென வேகம் பிடித்து ஓடும்போது ஜக்கின் படபடப்பு தேவைப்படுகிறது. ஆனால் வேறு சில இடங்களில் நல்ல மெட்டு ஒன்றின் மேல் யாரோ ஓயாமல் பேசிக்கொண்டிருப்பது போல இருக்கிறது. முதல் ஆல்பத்தின் 11 பாடல்களையும் ஒரே மூச்சில் கேட்டால் கடைசி மூன்று நான்கு பாடல்களில் காது களைத்துவிடும். இதை முன்பு ஒப்புக்கொள்ளத் தயங்கினேன்.

இப்போது இரண்டாவது தட்டு. 'ஈஸ்டர் எவ்ரிவேர்' 1967இல் ஹூஸ்டனின் ஆண்ட்ரஸ் ஸ்டுடியோவில் பதிவானது. இதற்குள் டிரம்மர் ஜான் ஐக் வால்டனும் பேஸ் வாசித்த ரானி லெதர்மனும் விலகிவிட்டார்கள். பதிலுக்கு டேனி தாமஸ், டான் கலிண்டோ. இந்த மாற்றத்தைத்தான் நான் முன்பு சரியாகக் கவனிக்கவில்லை. வால்டன் அடிப்பது ராக் அண்ட் ரோல் அடி, குதிரையை விரட்டுவது போல முன்னால் தள்ளிக்கொண்டே போகும். தாமஸ் கொஞ்சம் பின்னால் சாய்ந்து, நெளிந்து, சுற்றி வளைத்து வாசிக்கிறார். அதனால் பாட்டுக்குள் இடம் உண்டாகிறது. அந்த இடத்தில்தான் கிதார் மூச்சு விடுகிறது. ஜக்கும் இங்கே பின்னால் போய்விடுகிறது, தூரத்தில் ஓடும் வாய்க்கால் சத்தம் அளவுக்கு.

ஆல்பத்தின் முதல் பாடலே எட்டு நிமிடம்: 'ஸ்லிப் இன்சைட் திஸ் ஹவுஸ்'. சுற்றிச் சுற்றி வரும் ஒரே கிதார் வட்டம். அதன் மேல் கண்ணி கண்ணியாக வரிகள், ஒவ்வொன்றும் 'இந்த வீட்டுக்குள் நுழைந்துகொள்' என்ற அழைப்பை நோக்கிப் போகிறது. நம் சித்தர் பாடல் மரபில் கண்ணிக்குக் கண்ணி ஒரே முடிப்பு வந்து, அந்த முடிப்புக்கு ஒவ்வொரு முறையும் பொருள் கொஞ்சம் நகர்வதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த அமைப்பு அந்நியமாகவே இருக்காது. ஒரு வரியில், ஆங்கிலக் குழந்தைப் பாட்டில் வரும் 24 பறவைகளை எடுத்து, அவற்றை மாயையின் பறவைகள் என்கிறார் ஹால். மாயை என்ற சொல்லே அப்படியே வருகிறது. சைவ சித்தாந்தக் கணக்கில் மாயையிலிருந்து விரியும் ஆன்ம தத்துவங்களும் 24 என்பது இந்த வரி வரும்போதெல்லாம் என் நினைவுக்கு வருகிறது. குழந்தைப் பாட்டுக்காகவே அந்த எண் வந்திருக்கும். ஆனாலும் அந்தப் பொருத்தம் எனக்குப் பிடித்திருக்கிறது.

வரிகளில் இரண்டு ஆல்பங்களுக்கும் உள்ள தூரம் பெரிது. முதல் ஆல்பத்தின் பின்னட்டையில் ஹால் ஒரு கொள்கை விளக்கமே எழுதியிருந்தார். மனிதன் தன் மனநிலையை வேதிப்பொருளால் மாற்றிக்கொள்ள முடிகிற காலம் வந்துவிட்டது, அரிஸ்டாட்டில் வழி வந்த சிந்தனை முறையைத் தாண்ட வேண்டும் என்ற ரீதியில். பாடல்களும் அந்த விளக்கத்துக்கு உதாரணங்கள் போலத்தான் இருக்கின்றன: பயணம் போ, பயப்படாதே, விழுந்துவிடாதே. இரண்டாவதில் பிரச்சாரம் குறைந்து தேடல் கூடியிருக்கிறது. எல்.எஸ்.டி. என்ற போதை மருந்தைக் குழுவே விடாமல் உட்கொண்டு வாசித்த காலம்தான் அதுவும். அதன் விலை என்ன என்பது பிறகு தெரிந்தது. ஆனால் வரிகள் மருந்தைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு வாழ்வு, மறுபிறப்பு, ஒருமை என்று வேறு இடத்துக்கு நகர்ந்துவிட்டன. தலைப்பிலேயே உயிர்த்தெழுதல் இருக்கிறது.

மென்மையான பாடல்களை எதிரெதிரே வைத்தால் வித்தியாசம் இன்னும் தெளிவாகும். முதல் ஆல்பத்தில் 'ஸ்பிளாஷ் 1', இரண்டாவதில் 'ஐ ஹாட் டு டெல் யூ'. இரண்டிலும் ஹாலின் அன்றைய மனைவி க்ளெமென்டைன் ஹாலின் பங்கு இருக்கிறது. 'ஸ்பிளாஷ் 1' மிக அழகான மெட்டு, ஆனால் பதிவு அதை ஒரு கிணற்றின் அடியில் வைத்திருக்கிறது. 'ஐ ஹாட் டு டெல் யூ'வில் அகௌஸ்டிக் கிதார், ஹார்மோனிகா, பக்கத்தில் க்ளெமென்டைனின் குரல், அவ்வளவுதான். முந்தின வருடம் அலறித் தீர்த்த அதே இளைஞன் இங்கே கிட்டத்தட்ட காதோடு பேசுகிறான். ராக்கி எவ்வளவு நல்ல பாடகர் என்பதற்கு நான் காட்டும் சான்று இந்தப் பாட்டு. பாப் டிலனின் 'பேபி ப்ளூ'வையும் இந்த ஆல்பத்தில் பாடியிருக்கிறார்கள். மூலத்தில் விடைபெறும் கசப்பு இருக்கும். இவர்களிடம் அது விடிகாலைத் தூக்கம் போல மெதுவாக, மிதந்துகொண்டு வருகிறது.

இரண்டாவது தட்டு குறையற்றது என்று சொல்லமாட்டேன். நடுவில் ஓரிரு பாடல்கள் தொய்கின்றன. ஆறரை நிமிடக் கடைசிப் பாடல் 'போஸ்சர்ஸ்' சொல்ல வந்ததைச் சொல்லி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் ஓடுகிறது. ஆனால் ஒரு தட்டாக, முதலிலிருந்து கடைசி வரை உட்கார்ந்து கேட்கிற ஒன்றாக, இதுதான் மேல். இதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை.

அப்படியிருந்தும் முதல் ஆல்பம்தான் ஏன் எல்லாப் பட்டியலிலும் இருக்கிறது? வெற்றிப் பாடல் அதில் இருக்கிறது, தலைப்பில் 'சைக்கடெலிக்' இருக்கிறது, அட்டையில் அந்தப் பெரிய கண் இருக்கிறது. 'ஈஸ்டர் எவ்ரிவேர்' வந்தபோது கையில் ஹிட் எதுவும் இல்லை. நாடு முழுக்கத் தட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பலம் அந்தச் சிறு நிறுவனத்துக்கும் இல்லை.

மூன்றாவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்குத்தான் அதிக அநியாயம் நடந்திருக்கிறது. 'புல் ஆஃப் தி வுட்ஸ்' பதிவான 1968இல் ராக்கியின் மனநலம் சிதையத் தொடங்கியிருந்தது. ஆல்பத்தில் நான்கே பாடல்களில்தான் அவர் குரல். மீதியைத் தோளில் சுமந்தவர் சதர்லாண்ட். சில பாடல்களில் ஊதுகருவிகளைச் சேர்த்து மெழுகியிருக்கிறார்கள், அது எனக்கு ஒட்டவில்லை. ராக்கி இல்லாத எலிவேட்டர்ஸ் என்ன எலிவேட்டர்ஸ் என்று நானும் இதை ஒதுக்கி வைத்திருந்தேன். ஆனால் சதர்லாண்ட் பாடகர் இல்லை என்று தெரிந்தே, தாழ்ந்த, சோர்ந்த குரலில் தன் ப்ளூஸை நேர்மையாகப் பாடுகிறார். கிதார் முழுக்க அவருடையது, யாரோடும் இடத்துக்குப் போட்டியிடாத கிதார்.

மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டதில் எனக்குக் கிடைத்தது இதுதான். எலிவேட்டர்ஸ் என்றால் ராக்கியின் அலறலும் ஹாலின் ஜக்கும் என்றே கேட்டுப் பழகியிருந்தேன். மூன்று தட்டுகளிலும் அறுபடாமல் ஓடும் இழை சதர்லாண்டின் கிதார். அதில் வேகப் பந்தயம் கிடையாது. எதிரொலியில் நனைந்த, மெல்லிய, கூர்மையான சுரங்கள், பாட்டின் அடியில் ஒரு கவலை போலச் சுற்றிக்கொண்டே இருக்கும். முதல் ஆல்பத்தில் அது ஜக்கின் கொதிப்புக்குள் பாதி மறைந்திருக்கிறது. இரண்டாவதில் எல்லோரும் அதற்கு இடம் விட்டிருக்கிறார்கள். மூன்றாவதில் அது மட்டுமே மிஞ்சியிருக்கிறது. 'ஈஸ்டர் எவ்ரிவேர்' ஏன் மற்ற இரண்டையும் விட உயர்ந்து நிற்கிறது என்பதற்கு என் விளக்கமும் இதுவே: மூவரும் சம எடையில் நின்ற ஒரே தட்டு அது.

பிறகு நடந்தவை வேதனையானவை. 1969இல் ஒரே ஒரு கஞ்சாச் சுருட்டுக்காகப் பிடிபட்ட ராக்கி, சிறையைத் தவிர்க்க மனநிலை சரியில்லை என்று வாதிட, ரஸ்க் அரசு மனநல மருத்துவமனையில் 1972 வரை அடைக்கப்பட்டார். சதர்லாண்ட் 1978இல் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார், அவருக்கு வயது 32. 2015இல் ஆஸ்டினில், அவர்களுடைய 'லெவிடேஷன்' என்ற பாடலின் பெயரையே வைத்துக்கொண்ட இசை விழாவில், ராக்கி, ஹால், வால்டன், லெதர்மன் நால்வரும் மறுபடி ஒரே மேடையில் ஏறினார்கள். சதர்லாண்டின் பகுதிகளை வேறு கைகள் வாசித்தன. ராக்கி 2019இல் காலமானார்.

புதிதாகக் கேட்பவர்களுக்கு இப்போது நான் சொல்லும் வரிசை: முதலில் 'ஈஸ்டர் எவ்ரிவேர்', முழுதாக. அடுத்த நாள் முதல் ஆல்பம். மோனோ பதிவு கிடைத்தால் அதையே எடுங்கள், ஸ்டீரியோவை விட அடர்த்தியாக, ஒரே கட்டியாக இருக்கும். ஒலியைத் தாராளமாகக் கூட்டி, பாதியில் நிறுத்தி மீதியை மறுநாள் கேட்டாலும் தவறில்லை. மூன்றாவதுக்கு அவசரம் வேண்டாம். மற்ற இரண்டும் பழகிய பிறகு ஒரு இரவு அதன் கடைசிப் பாடலான 'மே தி சர்க்கிள் ரிமெய்ன் அன்ப்ரோகன்' மட்டும் கேளுங்கள். தாளம் என்று சொல்ல ஏதுமில்லை, எதிரொலிக்குள் ராக்கியின் குரல் தூரத்தில் கரைந்துகொண்டே போகிறது. அது முடிந்ததும் எழுந்து போய் முதல் ஆல்பத்தின் 'ரோலர் கோஸ்டர்' தொடங்கும் இடத்தில் ஊசியை வையுங்கள். ராக்கி பாடத் தொடங்கும் முன், தனியாக உள்ளே வருகிற அந்தக் கிதாரைக் கேளுங்கள்.