ரெண்டு வருஷத்துக்கு மேல டைரி எழுதுறேன், என் அனுபவம்

நான் கோத்தகிரி பக்கம், தினமும் பஸ் புடிச்சு ஊட்டி போய் ஒரு லாட்ஜ்ல ரிசப்ஷன் பாக்குறேன். 2023 ஜூன்ல எழுத ஆரம்பிச்சேன், அப்போ ராத்திரி படுத்தா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், வீட்டுக்கு வந்ததும் பையன் மேல எரிஞ்சு விழுவேன், ஏன்னு கேட்டா வேலை டென்ஷன்னு சொல்லிருவேன்.

மொதல்ல போன்ல ஆப் போட்டேன், பத்து நாள் தாங்கல, எழுத எடுத்தா கை வாட்ஸ்அப்புக்குப் போயிருது. அப்புறம் 192 பக்க லாங் சைஸ் நோட்டு. ஜெல் பேனா வேணாங்க, நம்ம ஊர் ஐப்பசி மழைல பேப்பர் நமத்துப் போய் எழுத்தெல்லாம் ஊறிருது, பென்சில்தான் நிக்கும்.

மொதல் மூணு மாசம் மேனேஜர் என்ன சொன்னாரு, நான் என்ன சொல்லிருக்கணும்னு அதையே திருப்பித் திருப்பி எழுதிட்டு இருந்தேன். கோவம் ஏறுச்சே தவிர கொறையல, நிறுத்திட்டேன். பென்னிபேக்கர்னு அமெரிக்க சைக்காலஜிஸ்ட் 1986ல வெளியிட்ட ஆய்வுல, மனச உறுத்துறத தினம் 15 நிமிஷம், நாலே நாள்தான் எழுத வெச்சிருக்காரு, எழுதுன உடனே மனசு கனமாவும் ஆகும்னு அதுலயே இருக்கு. அதப் படிச்சப்புறம்தான் திரும்ப எடுத்தேன், இந்தவாட்டி மணி, என்ன நடந்துச்சு, உடம்புல எங்க இறுகுது, இது மட்டும்.

2024 மே சீசன், ஊட்டிக்கு வர்ற வெளியூர் வண்டிங்களுக்கு இ-பாஸ் வந்த வருஷம், கூட்டம், ரூம் கேட்டு சண்டை, அந்தப் பக்கங்கள்தான் மோசமா இருக்கும்னு நெனச்சுப் பொரட்டுனா அப்படி ஒண்ணும் இல்ல. மோசமானதெல்லாம் கார்த்திகை, மார்கழி, மணி அஞ்சுக்கு மேல. ஒரு பக்கம் அப்படியே தரேன்: "5.20. மஞ்சு எறங்கிருச்சு. கட்டபெட்டு தாண்டல. அம்மா போன் எடுக்கல. தோள்பட்டை கல்லு மாதிரி." மஞ்சுன்னா பனிமூட்டம், கட்டபெட்டு நான் வீட்டுக்கு வர்ற வழில இருக்குற ஊரு.

அம்மா தனியா இருக்காங்க, சாயங்காலம் தேயிலைத் தோட்டத்துக்குப் பின்னாடி வெறகு பொறுக்கப் போவாங்க, அங்க கரடி நடமாட்டம். நான் பயந்துட்டே வந்து அந்தப் பயத்தைப் பையன் மேல காட்டிருக்கேன். படிச்சு முடிச்சு ரொம்ப நேரம் அழுதேன்.

அம்மாகிட்ட அந்தப் பக்கத்தைப் படிச்சுக் காட்டுனேன், இப்போ காலைலயே வெறகு எடுத்துடறாங்க. பக்கத்து வீட்டு அக்கா அஞ்சு மணிக்கு எட்டிப் பாத்து மெசேஜ் போடுறாங்க. பனிக் காலத்துல காலை ஷிப்ட் கேட்டு வாங்கிட்டேன். தூக்கம் வருது.

போன வருஷம் அப்பா தவறுனப்போ நோட்டு கைகொடுக்கல, ஒரு வாரம் தூங்காம 14416, அரசாங்கத்தோட மனநல உதவி எண் டெலி மானஸ்க்குப் போன் போட்டேன், தமிழ்லயே பேசுனாங்க, காசு கெடையாது, அந்த நெலமைல இருக்குறவங்க டைரிய நம்பிட்டு உக்காராதீங்க.

தினமும் எழுதணும்னு இல்ல, நான் வாரத்துல மூணு நாள்தான். தேதியும் மணியும் மட்டும் மறக்காம போடுங்க, அது இல்லன்னா அந்த அஞ்சு மணி என் கண்ணுல பட்டிருக்காது.