மொட்டை மாடித் தொட்டியும் அம்மாவின் வாஷிங் மெஷினும்

பெங்களூரில் இறங்கி, ஓசூர், கிருஷ்ணகிரி தாண்டிக் காரிமங்கலம் வந்து சேர்ந்தபோது பொழுது விடிந்திருந்தது. அம்மா வாசலில் இல்லை. பின்கட்டில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு, ஒரு காலை நீட்டிக்கொண்டு, படுக்கை விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்தார். "நீ வர்றேன்னு இதையாவது அலசிப் போடலாம்னு பார்த்தேன் கண்ணு" என்றார். முட்டிக்கு ஊசி போட்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை. பையை இறக்கி வைக்கும் முன்பே மெஷின் வாங்குவதென்று முடிவு செய்துவிட்டேன்.

மெல்போர்னிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிறவள் நான். இந்த முறை ஐந்து வார லீவு. வாங்க ஒரு மணி நேரம் ஆனது. ஒழுங்காக ஓட 19 நாள் ஆனது.

தர்மபுரியில் ஒரு கடையில் 7 கிலோ ஃபிரண்ட் லோடு எடுத்தேன். மேலே மூடி திறக்கிற மெஷினில் அடியில் கிடக்கும் துணியை எடுக்கக் குனிய வேண்டும்; இதில் அம்மா முக்காலியில் உட்கார்ந்தபடியே போட்டு எடுக்கலாம். கடைப் பையன் கலர் சொன்னான், தவணை சொன்னான், மோட்டாருக்கு 10 வருட வாரண்டி என்றான். வீட்டுத் தண்ணித் தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று மட்டும் கேட்கவில்லை. அவனைக் குறை சொல்லி என்ன, எனக்கே தோன்றவில்லை. மெல்போர்னில் குழாயைத் திறந்தால் தண்ணீர் அடித்துக்கொண்டு வரும். அது எங்கிருந்து, எந்த வேகத்தில் வருகிறது என்று 12 வருடத்தில் ஒரு நாளும் யோசித்ததில்லை.

மறுநாள் குட்டியானையில் மெஷின் வந்தது. இறக்கி வைத்தவர்கள், "கம்பெனி ஆள் வர்ற வரைக்கும் பிரிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். கம்பெனி ஆளை வரவழைப்பதில்தான் முதல் சிக்கல். என் ஆஸ்திரேலியா நம்பரை அவர்களுடைய ஆப் ஏற்கவில்லை. அம்மாவின் பட்டன் போன் நம்பரைக் கொடுத்தேன். அடுத்தது பின்கோடு. எங்கள் மாவட்டம் தர்மபுரி, கடையும் தர்மபுரி. ஆனால் தர்மபுரி டவுனின் பின்கோடு 636-இல் தொடங்கும், எங்களுடையது 635, கிருஷ்ணகிரிக்காரர்களைப் போல. 2004 வரை எல்லாம் ஒரே மாவட்டம்தான். பிரித்தது கம்ப்யூட்டருக்குப் புரியவில்லை போலிருக்கிறது. "அது எங்க ஏரியா இல்லீங்க" என்று தர்மபுரி சர்வீஸ் சென்டரும், "கடை அங்கதானுங்களே" என்று கிருஷ்ணகிரியும் சொல்லிச் சொல்லி மூன்று நாள் ஓடியது. கடைசியில் கிருஷ்ணகிரியிலிருந்து பைக்கில் ஒரு பையன் வந்தான்.

வேலை தெரிந்தவன் என்பது பார்த்ததும் தெரிந்தது. பின்பக்கம் டிரம்மைப் பிடித்து வைத்திருந்த நான்கு நீள போல்ட்டையும் கழற்றி அம்மா கையில் கொடுத்து, "இத தொலைச்சிடாதீங்கம்மா, வீடு மாத்துனா திரும்பப் போடணும்" என்றான். அதைக் கழற்றாமல் ஓட்டினால் மெஷின் கூடம் முழுக்கக் குதித்துக்கொண்டு போகும். ரசமட்டம் வைத்து நான்கு காலையும் திருகி நிறுத்தினான். அதற்குப் பிறகு பையிலிருந்து கடை விரித்தான்: ஸ்டாண்டு, கவர், பைப்பில் மாட்டும் ஃபில்டர், உப்புப் படிவு போக்கும் பவுடர் மூன்று பாக்கெட். ஸ்டாண்டு வாங்கினேன். பின்கட்டில் எலி வரும். தரையோடு வைத்தால் அடியில் புகுந்து ஒயரைக் கடிக்கும். ஃபில்டர் வேண்டாம் என்றேன். அவன் காட்டியதில் இருந்தது வலைச் சல்லடை. அது மண்ணைப் பிடிக்குமே தவிர, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைப் பிடிக்காது.

பிளக் இன்னொரு சிக்கல். எங்கள் பின்கட்டில் இருந்தது ஃபேனுக்குப் போட்ட 6 ஆம்பியர் பிளக். இந்த மெஷினின் ஹீட்டர் 2000 வாட். 230 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். "இப்போதைக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல போட்டுக்கலாம்கா" என்றான். முடியாது என்று சொல்லி, தெருக்கோடி எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தனி ஒயர் இழுத்து 16 ஆம்பியர் பிளக் போட வைத்தேன். அவர் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்தார்; எர்த்தில் பல்பு மினுக்கென்று செத்தபடி எரிந்தது. வெயிலில் எர்த் குழி காய்ந்து கிடந்திருக்கிறது. இரண்டு குடம் தண்ணீர் ஊற்றியதும் பளிச்சென்று எரிந்தது. "வாரத்துக்கு ஒரு குடம் ஊத்துங்க பெரியம்மா, துளசிக்கு ஊத்துற மாதிரி" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஊரில் எனக்குக் கிடைத்த உருப்படியான அறிவுரைகளில் அதுவும் ஒன்று.

நான் டீ போட உள்ளே போன நேரத்தில் நடந்தது இது. கம்பெனிப் பையன் மெஷினை ஆன் பண்ணிக் குமிழைத் திருப்பிக் காட்டியிருக்கிறான். டிரம் இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கிறது. "அம்மா, உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க." அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்து, ஒவ்வொரு எண்ணாகப் படித்துச் சொல்லியிருக்கிறார். டீ டம்ளரோடு நான் வந்தபோது பைக் சத்தம் தெருமுனையில் கேட்டது.

அவன் போய் 20 நிமிடத்தில் மெஷின் கூவ ஆரம்பித்தது. தண்ணீர் வரவில்லையாம். குழாயைத் திறந்து பார்த்தால் வருகிறது, நூலாக. கால் சென்டருக்குப் போன் செய்தேன். "உங்கள் புகார் வெற்றிகரமாக முடிக்கப்பட்டது" என்றது பதிவு செய்த குரல். அந்த ஓடிபியைக் கொடுத்த நொடியில் அவர்கள் கணக்கில் எங்கள் வீட்டு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. புதிதாகப் புகார் கொடுத்து, பின்கோடு ராமாயணத்தை மறுபடி முதலிலிருந்து சொல்லி, அதே பையன் வர ஆறு நாள்.

இந்த முறை அவன் தலை நிமிரவில்லை. பர்கூர், காவேரிப்பட்டணம், எங்கள் ஊர் என்று அலைகிறான். முடித்த கணக்குக்குத்தான் காசு. நம்பர் வாங்காமல் போனால் அந்த நாள் பெட்ரோல் அவன் தலையில். கோபம் அவன் மேல் அவ்வளவாக நிற்கவில்லை. இன்லெட்டில் இருந்த சின்னச் சல்லடையைக் குறடால் இழுத்துக் கழுவினான். வாளி வைத்துத் தண்ணீர் பிடித்தான். மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னான்: "மெஷின்ல ஒண்ணும் இல்லக்கா. தொட்டி தாழ இருக்குது."

டேப் வைத்து அளந்தேன். மெஷின் வால்விலிருந்து தொட்டி அடிவரை 3 மீட்டர். 10 மீட்டர் உயரத் தண்ணீர் இருந்தால்தான் ஏறக்குறைய 1 பார் அழுத்தம். ஆக எங்களுக்கு 0.3. மெஷினோடு வந்த புத்தகத்தில் குறைந்தது 0.5 வேண்டும் என்று போட்டிருந்தது, நாங்கள் யாரும் திருப்பிப் பார்க்காத பக்கத்தில். பிரஷர் பம்பு மாட்டலாம் என்றான். தொட்டி காலியாக இருக்கும்போது ஓடினால் பம்பு எரியும். தனியாக இருக்கிற அம்மாவுக்கு இன்னொரு காவல் வேலை எதற்கு? மாடிப்படி அறையின் தளத்துக்குத் தொட்டியை ஏற்றினால் இன்னும் 2.4 மீட்டர் கிடைக்கும். கூட்டிப் பார்த்தால் 0.54. தொட்டி நிரம்பியிருந்தால் அதற்கும் மேலே.

ஏற்றுவதற்குப் பிளம்பர் வேண்டும். பிளம்பர் மாந்தோப்பில் இருந்தார். ஜூன் மாதத்தில் இந்தப் பக்கம் யாரை எதற்குக் கூப்பிட்டாலும் பதில் அதுதான்: காய் இறக்குகிறார், லோடு ஏற்றுகிறார், மாங்கூழ் ஃபேக்டரியில் வரிசையில் நிற்கிறார். நான்கு நாள் கழித்து, மாம்பால் கறை பட்ட கையோடு வந்தார். 1000 லிட்டர் என்றால் ஒரு டன் எடை. நடுத்தளத்தில் வைக்காமல் சுவர்மேல் தாங்குகிற மாதிரி மேஸ்திரி இடம் குறித்துக் கொடுத்தார். மெஷினுக்கு மட்டும் தொட்டியிலிருந்து தனியாக முக்கால் இன்ச் பைப் இறக்கினோம். எல்லாம் ஒரே பகலில் முடிந்தது. மெல்போர்னில் பிளம்பர் வாசலில் வந்து நிற்பதற்கே 100 டாலருக்கு மேல் ஆகும். இங்கே கூலியைப் பேசி முடிப்பதற்குள் இரண்டு மாம்பழம் நம் கைக்கு வந்துவிடுகிறது.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் போர் தண்ணியில் வளர்ந்தவர்கள். என் வகுப்பில் பாதிப் பேருக்குப் பல்லில் பழுப்புக் கோடு உண்டு, ஃப்ளோரைடு. ஜப்பான் கடனுதவியில் வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல் ஓடத் தொடங்கியது இந்த இரண்டு மாவட்டத்துக்கும் அதற்காகத்தான். ஆனால் துணிக்கும் மெஷினுக்கும் ஃப்ளோரைடு ஒரு பொருட்டில்லை. மெஷினைக் கெடுப்பது கால்சியமும் மெக்னீசியமும், வெந்நீர் அண்டாவின் அடியில் சுண்ணாம்பு பூசியதுபோல் படிகிறதே, அது. தண்ணீர் சுடச் சுடத்தான் அது பிரிந்து படியும். அதனால் அம்மாவுக்கு ஒரே விதி வைத்தேன்: பச்சைத் தண்ணியில் துவைப்பது மட்டும். ஜூனில் எங்கள் தொட்டித் தண்ணீருக்கு ஹீட்டர் தேவையும் இல்லை, குளிக்கவே கை சுடுகிறது. மாதம் ஒருமுறை துணி போடாமல், உப்புப் படிவு போக்கும் அந்தப் பவுடரைப் போட்டுச் சூட்டில் ஓட்டினால் போதும். குடிக்கிற ஒகேனக்கல் தண்ணியை மெஷினுக்கு விடலாமா என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். தெருக் குழாயில் குடம் வரிசை நிற்கும்போது அதைக் கேட்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

19-ஆம் நாள் முழுச் சுற்று ஓடியது. அம்மா கண்ணாடிக் கதவுக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தார், சீரியல் பார்ப்பதுபோல. காலர் சரியாக வெளுக்கவில்லை என்று ஒரு சட்டையை எடுத்துக் கல்லில் இரண்டு கும்மு கும்மினார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பி வந்து இரண்டு மாதம் கழித்து, இலவச சர்வீஸுக்கு வேறொரு பையன் வந்தானாம். வடிகால் ஃபில்டரைத் திறந்து ஒரு ரூபாய்க் காசும் ஊக்கும் எடுத்துக் கொடுத்துவிட்டு நம்பர் கேட்டிருக்கிறான். "உக்காருப்பா, டீ குடி. துணி போட்டிருக்கேன், இன்னும் 50 நிமிஷம் காட்டுது. அது முடியட்டும், நம்பரு எங்க போயிடப் போகுது" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டதாக அம்மா போனில் சொன்னார். உட்கார்ந்தானா என்று கேட்டேன். இரண்டாவது டீயும் குடித்தானாம்.