ஊசி போட்ட பிறகு என்ன ஆயிற்று? நர்ஸ் குறிப்பில் மூன்று முறைகள்

அறுவை சிகிச்சை வார்டின் பொறுப்பு என் கைக்கு வந்த வாரமே, கேஸ் ஷீட்டில் நர்ஸ் குறிப்புகளை இனி எந்த முறையில் எழுதப்போகிறீர்கள் என்று நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் கேட்டுவிட்டார். முன்னால் மூன்று முறைகள் இருந்தன: பழைய கதை நடை, இயல்புக்கு மாறானதை மட்டும் எழுதும் முறை, டேட்டா, ஆக்‌ஷன், ரெஸ்பான்ஸ் (டி-ஏ-ஆர்) என்று பிரித்து எழுதும் ஃபோகஸ் முறை. நான் மூன்றாவதைத் தேர்ந்தேன். இரண்டு வருடங்கள் ஆகின்றன, இன்னும் அதன் பக்கம்தான் நிற்கிறேன். அமெரிக்க டாக்டர் லாரன்ஸ் வீட் 1960களில் வகுத்த 'சோப்' (SOAP) முறையைச் சிலர் கேட்பார்கள்: நோயாளி சொன்னது, பரிசோதனையில் கண்டது, மதிப்பீடு, திட்டம் என்று எழுதுவது. அது டாக்டர் யோசிக்கும் வரிசை. எங்கள் ஷிஃப்ட் வேலைக்கு ஒட்டவில்லை என்று விட்டுவிட்டேன்.

நேரத்தை 24 மணிக் கணக்கில் போடுவது, பிழையை ஒற்றைக் கோட்டால் அடித்துக் கையெழுத்திடுவது, வெள்ளை மை பூசாமல் இருப்பது, செய்வதற்கு முன்பே எழுதிவைக்காமல் இருப்பது எல்லாம் மூன்றுக்கும் பொது. படிக்கும் காலத்திலேயே மண்டையில் ஏற்றியவை என்பதால் இங்கே நீட்டவில்லை.

கதை நடையை யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நோயாளி திடீரென்று மோசமாகும்போது நிமிடத்துக்கு நிமிடம் நடந்ததைச் சொல்ல அதைவிட நல்ல வழியும் கிடையாது. அந்த நேரத்துக்கு மட்டும் இன்றும் அதையே எழுதச் சொல்கிறேன். மற்ற நாட்களில் அது "நோயாளி நலம், வலி என்றார், ஊசி போடப்பட்டது" என்று தேய்ந்துவிடுகிறது.

அந்த வரியை நானும் எழுதியிருக்கிறேன். வேறொரு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்த காலம். முதுகில் மயக்க ஊசி போட்டுக் குடலிறக்க அறுவை முடிந்து வந்த பெரியவர் ஒருவர். மாலை ஷிஃப்ட் குறிப்பில் "19:10, வலி, ஊசி போடப்பட்டது" என்று இருந்தது. இரவு டியூட்டி எடுத்த என்னிடமும் வலி என்றார். டாக்டரைக் கேட்டு இன்னோர் ஊசி போட்டேன், அதே வரியை எழுதினேன். 23:30 மணிக்குத்தான் அடிவயிற்றில் கை வைத்துப் பார்த்தேன், கல்லாக இருந்தது. அறுவைக்குப் பிறகு அவர் சிறுநீரே கழித்திருக்கவில்லை. குழாய் போட்டதும் 900 மில்லி வந்தது. அவ்வளவு நேரமும் வலித்தது தையல் இல்லை, மூத்திரப்பை. முதுகு ஊசிக்குப் பிறகு இப்படி ஆவது எங்களுக்குத் தெரியாததும் அல்ல. முதல் ஊசிக்கு அரை மணி கழித்து "வலி குறையவில்லை" என்று யாராவது எழுதியிருந்தால், நான் ஊசியை எடுப்பதற்கு முன் போர்வையை விலக்கியிருப்பேன்.

ஃபோகஸ் முறை 1981இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகர மருத்துவமனை ஒன்றில் உருவானது. ஓரத்தில் ஒரு தலைப்பு: வலி, காய்ச்சல், ரத்தம் ஏற்றுதல் என்று எதுவாகவும் இருக்கலாம். டி என்றால் நாம் கண்டதும் நோயாளி சொன்னதும். ஏ என்றால் செய்தது. ஆர் என்றால் செய்ததற்குப் பிறகு நோயாளிக்கு என்ன ஆயிற்று என்பது. இந்த ஆர் ஒன்றுக்காகத்தான் மற்ற இரண்டையும் தள்ளினேன். அந்த இடம் காலியாக இருந்தால் கண்ணை உறுத்தும், அதை நிரப்ப வேண்டுமானால் படுக்கைக்குத் திரும்பிப் போக வேண்டும். நரம்பு வழி மருந்தென்றால் அரை மணிக்குள், மாத்திரையென்றால் ஒரு மணி நேரத்தில் போய்க் கேட்கிறோம். "வலி பத்துக்கு 7இலிருந்து 3, திரும்பிப் படுக்கிறார்" என்று எழுதினால் போதும்.

இதிலும் ஏமாற்றலாம். ஆர் பகுதியில் "தொடர்ந்து கவனிக்கப்படுகிறது" என்று எழுதிவிட்டுப் போவார்கள். அது நாம் செய்வது, நோயாளிக்கு ஆனது அல்ல. முதல் நான்கு மாதங்கள் இதோடுதான் மல்லுக்கட்டினேன். இப்போது ஷிஃப்ட் மாறும்போது படுக்கையருகே நின்று காலியான ஆர்களை உரக்கப் படிக்கிறோம். வந்தவர் அங்கேயே நோயாளியைக் கேட்டு, தன் நேரமும் கையெழுத்தும் போட்டு எழுதுகிறார். முதலில் முகம் சுளித்தவர்கள்தான் இன்று காலியிடம் தேடுவதில் முந்துகிறார்கள்.

இயல்புக்கு மாறானதை மட்டும் எழுதும் முறை 1983இல் மில்வாக்கியில் தொடங்கியது. இயல்பாக இருப்பதற்கு ஒரு டிக் போட்டால் போதும் என்பதால் எழுதும் நேரம் உண்மையிலேயே மிச்சமாகிறது. ஆனால் இயல்பு என்பது எது என்று ஒவ்வொன்றுக்கும் முன்பே எழுதி, எல்லோரும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அதைச் செய்யாமல் இரண்டு வாரம் சோதித்தோம். விடியற்காலை மூன்று மணிக்கு டிக்குகள் மேலிருந்து கீழாக ஒரே கோடாக இறங்கின. 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதிமுறைப்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். அந்த டிக்குகளைக் காட்டி அந்த இரவைப் பற்றி என்னால் ஒரு வார்த்தை விளக்க முடிந்திருக்காது. மணிக்கொரு முறை அளவெடுக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவில் இது நன்றாக ஓடலாம். நான் அங்கே மூன்று மாதங்கள்தான் வேலை பார்த்தேன், அந்த அனுபவத்தை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன்.

கணினிக்கு மாறி இன்னும் அரை வருடம் ஆகவில்லை. கையெழுத்து புரியாத தொல்லை போனது, முந்தைய ஷிஃப்ட் குறிப்பை அப்படியே நகலெடுத்து ஒட்டும் தொல்லை வந்தது. மென்பொருளில் குறிப்புக்கென்று இருப்பது ஒரே ஒரு பெட்டி. டி, ஏ, ஆர் என்று நாங்களே தட்டிக்கொள்கிறோம். ஆருக்குத் தனிப் பெட்டி வேண்டும், காலியாக விட்டால் அது சிவப்பாக வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.